படகுத்துறைப் பண்டிதர்

அமெரிக்காவின் வட எல்லையை ஒட்டிய மின்னிசோட்டா மாநிலத்தில் பத்து ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புள்ள ஏரிகள் மட்டும் 11,842 என்று அரசாங்கத்தார் எண்ணி வைத்திருக்கிறார்கள். இவற்றில் கரையோரம் வீடுகள் உள்ள ஏரி எதற்கு வேண்டுமானாலும் ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் போய்ப் பாருங்கள். மரப்பலகைத் துறையின் விளிம்பில் மண்டியிட்டு, தமக்குச் சொந்தமில்லாத ஒரு படகின் பின்புறத்தைத் தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர் அங்கே இருப்பார். அவரை எவரும் அழைத்திருக்க மாட்டார்கள். படகுக்காரர் காப்பிக் கோப்பையும் கையுமாக வெளியே வரும்வரை பொறுமையோடு காத்திருந்து, வந்தவுடன் க்ஷேம விசாரணை கூடச் செய்யாமல், "இதில் என்ன பிட்ச் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்பார். அவ்வளவுதான், அந்த வீட்டுக்காரருடைய சனிக்கிழமை அத்துடன் முடிந்தது.

இவர்தாம் படகுத்துறைப் பண்டிதர். இவர் துஷ்டர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். நாற்பது வருஷ காலம் ஏதோ ஒரு காரியாலயத்தில் பிறர் சொல்லத் தாம் கேட்டுக் காலந்தள்ளிவிட்டு, உபகாரச் சம்பளமும் ஏரிக்கரை வீடும் கைவந்த பிறகு, இனித் தாம் சொல்லப் பிறர் கேட்கவேண்டும் என்று ஆசைப்படுகிற சாதாரண மனிதர். அந்த ஆசைக்கு அரசியலை வைத்துக்கொண்டால் அண்டை வீட்டாரோடு சண்டை வரும். சமயத்தை வைத்துக்கொண்டால் சொந்த வீட்டிலேயே வரும். ஆகவே, எவருக்கும் திட்டமான அபிப்பிராயம் கிடையாததும், தண்ணீருக்கு அடியில் இருப்பதால் எளிதில் பார்த்து மறுக்க முடியாததுமான ஒரு விஷயத்தை அவர் தேர்ந்துகொண்டார். மோட்டார் படகின் புரொப்பெல்லரே அந்த விஷயம்.

அதிலும் பாண்டூன் படகின் புரொப்பெல்லர். இந்தப் படகின் பூர்வோத்தரத்தைச் சற்றுத் தெரிந்துகொண்டால்தான் பண்டிதருடைய தவத்தின் அருமை விளங்கும். 1950-களின் தொடக்கத்தில், அதே மாநிலத்தில் ரிச்மண்ட் என்ற சிற்றூரின் அருகே வாழ்ந்த ஆம்புரோஸ் வீர்ஸ் என்னும் விவசாயி, இரும்புப் பீப்பாய்களை முனைக்கு முனை பற்றவைத்து இரண்டு வரிசையாக்கி, அவற்றின்மேல் ஒரு மரத்தளத்தைப் பரப்பி ஏரியில் மிதக்கவிட்டார். இன்று பீப்பாய்களுக்குப் பதில் அலுமினியக் குழல்கள் வந்திருக்கின்றன. சுற்றிலும் கைப்பிடிச் சுவர், மெத்தை தைத்த ஆசனங்கள், தலைக்கு மேல் துணிப்பந்தல், குளிர்பானம் வைக்க ஆசனத்துக்கு ஆசனம் வளையங்கள் எல்லாம் சேர்ந்துவிட்டன. ஆனாலும் அடிப்படை நோக்கம் மாறவில்லை. வயதானவர்கள் தடுமாறாமல் ஏறவும், குழந்தைகள் விழாமல் ஓடவும், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசவும் ஏற்பட்ட மிதக்கும் திண்ணை அது. எங்கேயும் போய்ச் சேராமல் ஏரியைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதுதான் அதன் பிரயாணம். இந்தத் திண்ணை மணிக்கு 27 மைல் போகிறதா, 29 மைல் போகிறதா என்று கவலைப்படுவதற்கு உலகத்தில் ஒரு மனிதர் வேண்டியிருந்தது. அவரைத்தான் ஈசுவரன் துறைக்கு ஒருவராகச் சிருஷ்டித்திருக்கிறான்.

பண்டிதருடைய சாஸ்திரம் பொய்யான சாஸ்திரம் அன்று. அதுதான் அதில் உள்ள சங்கடம். புரொப்பெல்லரின் நடுக்குமிழில் 14 × 13 என்பதுபோல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முன்னது விட்டம், அங்குலத்தில். பின்னதுதான் பிட்ச்: புரொப்பெல்லர் ஒரு முறை சுற்றினால், நீர் வழுக்கிக் கொடுக்காது என்று வைத்துக்கொண்டால், படகு எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்ற கணக்கு. எஞ்சின் நிமிஷத்துக்கு 5,500 சுற்றுச் சுற்றுகிறது. அடியில் உள்ள பற்சக்கரங்கள் அதைப் பாதியாக்கி 2,750 சுற்றாகக் கொடுக்கின்றன. சுற்றுக்கு 13 அங்குலம் வீதம் பெருக்கி, அடியாக்கி, மைலாக்கினால் மணிக்கு ஏறத்தாழ 34 மைல் வருகிறது. ஆனால் நீர் வழுக்காமல் இருக்குமா? நூற்றுக்கு இருபது பங்கு வழுக்கலில் போய்விட்டால் மிச்சம் 27 மைல். இவ்வளவையும் பண்டிதர் காகிதமோ பென்சிலோ இல்லாமல், உங்கள் காப்பி ஆறுவதற்குள் வாயாலேயே போட்டுக் காட்டிவிட்டு, காணாமற்போன அந்த ஏழு மைலையும் நீங்களே எங்கோ ஒளித்து வைத்திருப்பதாகச் சந்தேகிக்கும் பாவனையில் உங்களைப் பார்ப்பார்.

இதற்குப் பிறகு பரீட்சை. த்ராட்டிலை முழுவதும் தள்ளிப் பிடித்தால் எஞ்சின் எத்தனை சுற்றுக்குப் போகிறது? எஞ்சின் செய்தவர்கள் அதற்கென்று ஒரு வரம்பு விதித்திருக்கிறார்கள். பல எஞ்சின்களுக்கு அது 5,000-த்துக்கும் 6,000-த்துக்கும் இடையில் இருக்கும். பிட்ச் அளவுக்கு மிஞ்சி இருந்தால் எஞ்சின் மூச்சுத் திணறிக் கீழ் வரம்பைக் கூடத் தொடாமல் உழைத்து உழைத்துச் சூடேறிக் கெடும். குறைந்து போனாலோ, மேல் வரம்பைத் தாண்டிக் கத்தும். ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும் என்பது வழக்கமான கணக்கு. இவ்வளவு தெரிந்தால் எந்த மனிதரும் ஒரு மணி நேரத்தில் சரியான புரொப்பெல்லரைத் தேர்ந்து மாட்டிவிட்டு, ஆயுள் முழுவதும் அதை மறந்திருக்கலாம். ஆனால் மறந்துவிடலாம் என்பதற்காகப் பண்டிதர் இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளவில்லையே!

அவருடைய சொந்தப் படகின் கதையைக் கேளுங்கள். விடியற்காலையில், காற்றும் அலையும் இல்லாத வேளையில், பாதித் தொட்டி பெட்ரோலோடு, தன்னந்தனியாக அவர் ஏரியின் நடுவே போய்த் த்ராட்டிலைத் தள்ளுவார். 15 அங்குலப் பிட்சில் முள் 5,400-ஐக் காட்டும். பண்டிதருடைய முகத்தில் அப்போது தோன்றும் ஆனந்தத்தை, யோகாப்பியாசம் செய்கிறவர்களிடத்தில் மட்டுமே பார்க்க முடியும். ஜூலை மாதம் 4-ஆம் தேதி, சுதந்திர தினத்தன்று, மைத்துனர் குடும்பம், மாமியார், பனிக்கட்டி நிரப்பிய பெட்டி, நாய் ஆகிய சகலமும் ஏறியவுடன் அதே முள் 4,800-க்கு மேல் எழுந்திருக்க மறுக்கும். இதற்கு விவேகிகள் சொல்லும் பரிகாரம் எளியது: 13 அங்குலம் மாட்டினால் கூட்டத்தோடு 5,100-க்கு மேல் போகும், தனியாகப் போனாலும் 5,800-க்குள் நிற்கும், இரண்டும் வரம்புக்குள்தான். பண்டிதர் இதைப் பிறருக்கெல்லாம் உபதேசிப்பார். தமக்கு மட்டும், ஏகாந்தத்துக்கு ஒன்றும் பந்துமித்திரர்களுக்கு ஒன்றுமாக இரண்டு புரொப்பெல்லர் வைத்துக்கொள்வதே உத்தமம் என்று முடிவு செய்துவிட்டார்.

ஆகையால் அவர் வீட்டு விருந்துக்கு அழைப்பு வரும்போது, எத்தனை பேர் வருகிறீர்கள் என்ற கேள்வியோடு நிற்காமல், மொத்தம் எத்தனை ராத்தல் வருகிறீர்கள் என்ற கேள்வியும் கூடவே வரும். பெண்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டு, இப்போதெல்லாம் பார்வையாலேயே எடை போட்டுவிடுகிறார். சென்ற கோடையில் நடந்ததாக அவருடைய அண்டை வீட்டுக்காரர் எனக்குச் சொன்னது: விருந்தாளிகள் தொப்பியும் துண்டுமாகத் துறையில் வந்து நின்ற பிறகு, மைத்துனருடைய பிள்ளைகள் இரண்டு பேர் தாங்கள் கரையிலேயே தூண்டில் போடப்போவதாகச் சொல்லிவிட்டார்களாம். பண்டிதருடைய நெற்றி சுருங்கியது. இருநூறு ராத்தல் குறைந்துவிட்டது! உடனே ஸ்பேனரோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இதழ் சுற்றாமலிருக்க ஒரு கட்டையை அண்டக் கொடுத்து, காட்டர் பின்னைப் பிடுங்கி, நட்டைக் கழற்றி, வாஷர்களை வரிசை தப்பாமல் பல்லிடையே கவ்விக்கொண்டு, 13-ஐ எடுத்து 15-ஐ மாட்டலானார். கவ்வியிருந்த வாயைத் திறந்து, காரியம் இன்னும் ஐந்தே நிமிஷம் என்று சொல்லப் போனதில் வாஷர் ஒன்று ஏரியில் விழுந்துவிட்டது. பிள்ளைகள் அதற்குள் மனம் மாறி, தாங்களும் படகிலேயே வருவதாகச் சொன்னார்கள்.

அவருடைய கொட்டகைச் சுவரில் புரொப்பெல்லர்கள் ஆணியடித்து வரிசையாகத் தொங்குகின்றன. மூன்று இதழ் உள்ளவை வேகத்துக்கு. நான்கு இதழ் உள்ளவை, உச்ச வேகத்தில் சிறிது விட்டுக்கொடுத்தாலும், நிதான நடையில் தண்ணீரைக் கெட்டியாகப் பிடிப்பதற்கும் அதிர்வு குறைவதற்கும். உயரமும் அகலமுமாகக் காற்றை வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிற பாண்டூன் படகைத் துறையில் கொண்டுவந்து ஒட்டுவதற்கு நான்கு இதழ்தான் நல்லது என்பது என்னுடைய கட்சியும். அலுமினியம் மலிவு, பாறையில் பட்டால் வளைந்து கொடுத்துவிடும். எஃகு கடினம், இதழ் மெல்லியது, ஆகவே சற்று வேகமும் கூடுதல். ஆனால் விலை பல மடங்கு. எஃகைப் பாறையில் மோதினால் அந்த அதிர்ச்சி உள்ளே பற்சக்கரங்கள் வரை போகக்கூடும் என்று பயந்து, நடுவில் ரப்பர்க் குமிழ் ஒன்றை வைத்திருக்கிறார்கள். ரப்பர் நழுவிவிட்டால் எஞ்சின் மட்டும் ஆரவாரித்துக்கொண்டிருக்கும், படகு நகராது. பண்டிதர் சிலருடைய சம்பாஷணையைக் கேட்கும்போதும் எனக்கு அந்த ரப்பரின் ஞாபகம் வருவதுண்டு.

அவருடைய கொட்டகையில் சரித்திரமும் உண்டு. பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற இங்கிலாந்து விவசாயி 1836-இல் திருகு வடிவமான புரொப்பெல்லருக்குக் காப்புரிமை வாங்கினார் என்பதும், அடுத்த வருஷம் லண்டனில் பாடிங்டன் கால்வாயிலே அந்த மரத்திருகு எதிலோ மோதிப் பாதி உடைந்துபோக, படகு நிற்பதற்குப் பதில் முன்னிலும் வேகமாகப் போயிற்று என்பதும், 1845-இல் ராட்லர் என்ற திருகுக் கப்பலையும் அலெக்டோ என்ற சக்கரக் கப்பலையும் பின்னோடு பின் கட்டி இழுக்கவிட்டபோது ராட்லரே வென்றது என்பதும் அவருக்குக் கண்ணால் கண்டவை போல மனப்பாடம். அலெக்டோ பின்னாலேயே இழுபட்டுப்போன கட்டம் வரும்போது அவர் குரல் தழுதழுக்கும். கால்வாயில் நடந்த விபத்தை மட்டும் சற்றுச் சுருக்கமாகவே முடித்துவிடுவார். ஒரு பெரிய முன்னேற்றம் யோசனையால் வராமல் எதிலோ இடித்ததால் வந்தது என்பது, யோசனையையே ஜீவனமாகக் கொண்டவர்களுக்கு ரசிக்கக்கூடிய சமாசாரமா?

பண்டிதருடைய தர்மபத்தினி இந்தச் சாஸ்திரத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே ஒரு தடவை, படகின் வேகம் இரண்டு மைல் குறைந்துவிட்டது என்று அவர் இரவெல்லாம் கணக்குப் போட்டுப் புதிய புரொப்பெல்லருக்கு எழுதவிருந்த சமயத்தில், அந்த அம்மாள், குழல்களின் அடியில் மூன்று மாதமாகப் பாசி பிடித்திருக்கிறதே, அதைத் தேய்த்து விடக்கூடாதா என்று கேட்டுவிட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. நீர் உராயும் இடத்தில் வழவழப்புப் போய்ச் சொரசொரப்பு வந்தால் எந்தப் புரொப்பெல்லரும் அதை ஈடுசெய்யாது. பண்டிதர் இதை மறுக்கவில்லை. பாசி என்பது ஒரு தனி விஷயம் என்று மட்டும் சொன்னார். மறுநாள் அம்மாளே பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு இறங்கித் தேய்த்தார். வேகம் திரும்பி வந்தது. புதிய புரொப்பெல்லரும் தபாலில் வந்து சேர்ந்தது. வேகம் எதனால் திரும்பியது என்பதில் அந்த வீட்டில் இன்றுவரை இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு.

ஆனாலும், பரிகாசம் செய்கிற நாமும் உண்மையை மறைக்கலாகாது. பிறர் வருஷத்துக்கு ஒருமுறை கூடப் புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்ப்பதில்லை. ஏரியில் யாரோ அறுத்துவிட்ட தூண்டில் நரம்பு அதன் பின்னால் அச்சில் சுற்றிச் சுற்றி இறுகி, எண்ணெய் அடைப்பானை அறுத்து, உள்ளே தண்ணீர் புகுந்து, பற்சக்கர எண்ணெய் பாலாக வெளுத்து, கடைசியில் பெருஞ்செலவில் கொண்டுபோய் விடுகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை கழற்றுகிற நம் பண்டிதருக்கு இந்த அபாயம் கிடையாது. அவர் வந்து மண்டியிட்ட துறைகளிலும் இல்லை. போன வருஷம் ஒரு விதவையின் படகு திரும்பும்போதெல்லாம் எஞ்சின் திடீரென்று கத்தி வேகம் இழந்தது. புரொப்பெல்லர் மேலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்கிறது, எஞ்சினை ஒரு துளை கீழே இறக்கி மாட்டினால் போதும் என்று கண்டுபிடித்து, புதிதாக எதையும் வாங்கவிடாமல், தாமே நின்று இறக்கிக் கொடுத்தவர் அவர்தான். அந்த அம்மாள் செய்து தந்த ஆப்பிள் பணியாரத்தை வாங்கிக்கொண்டார். இதழ்களின் சாய்வைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசவும் பேசினார்.

அக்டோபர் வந்தால் துறைகளைப் பிரித்துக் கரையேற்றிவிடுவார்கள். படகுகளுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் உறை போர்த்தப்படும். டிசம்பருக்குள் ஏரி உறைந்து போகும். நான்கு அங்குலம் கெட்டிப்பட்டால் மனிதர் நடக்கலாம் என்று சொல்வார்கள். சனிக்கிழமைக்காரர்கள் இனியாவது நிம்மதி என்று சிறு குடில்களைப் பனிக்கட்டியின்மேல் இழுத்துக்கொண்டு போய், திருகு துரப்பணத்தால் துளை போட்டு, உள்ளே தூண்டிலை இறக்கி உட்காருகிறார்கள். அப்படி ஒருவர் ஜனவரி மாதக் காலையில், மூக்கு வரை கம்பளி சுற்றிக்கொண்டு துளை போட்டுக்கொண்டிருக்கும்போது, பின்னால் யாரோ வந்து மண்டியிடுகிற சத்தம் கேட்கும்.

"எட்டு அங்குலமா, பத்து அங்குலமா?" என்று ஒரு குரல் விசாரிக்கும். "திருகின் சாய்வு கொஞ்சம் போதாது போல் இருக்கிறதே?"