குமாரலிங்கபுரத்தில் ‘ஓடாமை’: முன்னெழுத்து நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வு முன்னுரை

ஓடாமை என்பது யாது? வரத்துக்கால் தூர்ந்தால் கண்மாய்க்குத் தண்ணீர் ஓடாது. டயர் போனால் டவுன் பஸ் ஓடாது. இவ்விரண்டும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டு மக்கள் தலைமுறைகளாக அறிந்தவை. மூன்றாவது ஓடாமை ஒன்று அண்மையில் இவ்வட்டாரத்துக்கு வந்து சேர்ந்துள்ளது. சென்னையில் ஒருவருடைய கணினியில் சிரித்துக்கொண்டே ஓடும் வெப் ஆப், குமாரலிங்கபுரத்துத் திண்ணையில் ஓட்டினால் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று முனகிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. இம்மூன்றாம் ஓடாமையே இவ்வாய்வின் பொருள்.

ஆய்வு எல்லை: ஒரு திண்ணை, ஒரு மடிக்கணினி, ஒரு கயிற்றுக் கட்டில். ஆய்வுக் காலம்: மூன்று நாள். தகவலாளிகள் மூவர். அவர்களுள் கணினி தெரிந்தவர்கள் இருவர். விஷயம் தெரிந்தவர் மூன்றாமவர்.

எந்தக் குமாரலிங்கபுரம் என்று வாசகர் கேட்பது நியாயமே. விருதுநகர் மாவட்டத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது என்று 2023 மார்ச்சில் செய்தி வந்தபோது, ஊரின் பெயர் ‘இ.குமாரலிங்கபுரம்’ என்று அச்சாயிற்று. அந்த ‘இ.’ ஆய்வாளரின் ஊருக்கும் உண்டா என்பதை இக்கட்டுரை இப்போதைக்குச் சொல்லாது. முன்னெழுத்து தெரியாமல் கொஞ்ச தூரம் நடந்து பார்ப்பது வாசகருக்கும் நல்லது.

இயல் 1: முன்னெழுத்துக் கோட்பாடு

மனிதருக்கு இனிஷியல் இருப்பது எங்கும் உள்ளது. ஊருக்கு இனிஷியல் போடுவது நம் பக்கத்து வழக்கம். ம.ரெட்டியபட்டி, எஸ்.கொடிக்குளம், டி.கல்லுப்பட்டி என நீளும் இப்பட்டியலை அழகுக்குப் போட்டதாக எண்ணற்க. ஒரே மாவட்டத்தில் சிவகாசிப் பக்கம் எம்.புதுப்பட்டி இருக்கிறது, வத்திராயிருப்புப் பக்கம் வ.புதுப்பட்டி இருக்கிறது. ‘புதுப்பட்டியில் கல்யாணம்’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் பஸ் ஏறியவர், முகந்தெரியாத மாப்பிள்ளைக்கு மொய் எழுதிவிட்டுப் பந்தியிலும் உட்கார்ந்துவிட்டு வர வாய்ப்புண்டு.

தமிழில் இக்குழப்பம் கலைச்சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. பிராசஸருக்கும் ‘செயலி’ என்கிறோம், ஆப்புக்கும் ‘செயலி’ என்கிறோம். ஆகவே ‘செயலியில் செயலி ஓடவில்லை’ என்பது பிழையற்ற தமிழ் வாக்கியம். இக்கட்டுரை வாசகர் நலன் கருதி முன்னதைப் பிராசஸர் என்றும், பின்னதை ஆப் என்றும் வழங்கும்.

பிராசஸர்களில் இன்று இரு பெருங்குடும்பங்கள். ஒன்று எக்ஸ்86, 1978இல் இன்டெல் வெளியிட்ட 8086 என்ற சிப்பின் வாரிசுகள். மற்றது ஆர்ம், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏக்கார்ன் என்ற சிறு கம்பெனியில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்தது. முதல் ஆர்ம் சிப் 1985 ஏப்ரல் 26 அன்று கைக்கு வந்து, வந்த அன்றே ஓடியது. அது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று ஃபர்பர் மீட்டர் வைத்துப் பார்த்தார். முள் சுழியத்தில் நின்றது. பிறகுதான் தெரிந்தது, சிப்புக்கு மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை. மற்றக் கம்பிகளின் வழியே கசிந்து வந்ததைக் கொண்டே அது ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லாமல் ஓடும் ஒன்று குமாரலிங்கபுரத்தில் பிறந்திருக்க வேண்டியது. தவறிக் கேம்பிரிட்ஜில் பிறந்துவிட்டது.

இரு குடும்பத்துக்கும் பேச்சு வேறு. எக்ஸ்86இல் ஒரு கட்டளை ஒரு பைட்டிலும் முடியும், 15 பைட் வரையும் நீளும். 64 பிட் ஆர்மில் ஒவ்வொரு கட்டளையும் சரியாக 4 பைட்; ரேஷன் கடைப் பொட்டலம் போல எல்லாம் ஒரே அளவு. ஒன்றுக்காகக் கட்டியதை மற்றதிடம் நீட்டினால் அதற்கு ஒரு சொல்லும் விளங்காது. இடத்து மாடாகப் பழகியதை வலத்தே பூட்டினால் வண்டி நகராதது போல என்க. மாட்டில் குற்றமில்லை, வண்டியிலும் இல்லை.

இனிப் பெயர்களைக் காண்போம். எக்ஸ்86 குடும்பத்தின் 64 பிட் வடிவத்தை எக்ஸ்86-64 என்பார் சிலர், எக்ஸ்64 என்பார் சிலர், ஏஎம்டி64 என்பார் சிலர். மூன்றும் ஒன்றே. அதை முதலில் வகுத்தது இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி. 2003இல் ஆப்டெரான் சிப்பாக விற்பனைக்கு வந்தது. இன்டெல் அதைப் பிறகு ஏற்றுக்கொண்டது. அதனால் இன்டெல் கணினியில் ஓட்டுவதற்கான பொதியிலும் பங்காளியின் பெயரே ஒட்டியிருக்கும். எதிர்ப்பக்கத்தில் ஆர்ம்64 என்பதும் ஏஆர்ச்64 என்பதும் ஒன்றே. இதனினும் விந்தை விண்டோஸில் உண்டு: 64 பிட் விண்டோஸில் ‘சிஸ்டம்32’ என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள், ‘சிஸ்வாவ்64’ என்ற ஃபோல்டரில் இருப்பவை 32 பிட் கோப்புகள். பழைய ஆப்கள் தேடி வந்து ஏமாறக் கூடாதென்று முதற்பெயரை மாற்றாமல் விட்டார்கள். எத்தனை தலைமுறை கடந்தாலும் புதுப்பட்டி புதுப்பட்டியாகவே இருப்பது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

இயல் 2: களமும் தரவும்

ஆய்வாளர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர். அவருடைய மடிக்கணினி ஆர்ம் சிப்பின் மேல் லினக்ஸ் போட்டது. அலுவலகம், ஆப்பை அது ஓடத் தேவையான சாமான்களோடு சேர்த்து, டாக்கர் என்ற கருவியால் ஒரே பொதியாகக் கட்டி, ‘இறக்கி ஓட்டிக்கொள்ளவும்’ என்று அனுப்பியது. இறக்குவதற்கு இரண்டு மணி நேரமானது. ஓட்ட ஒரு நொடிகூட ஆகவில்லை. மேலே கண்ட முனகல் வந்தது.

முதல் தகவலாளி சென்னையில் இருக்கும் சக ஊழியர். அவர் கூறியது: “என் மிஷின்ல ஓடுதே ப்ரோ.” இக்கூற்றை ஆய்வாளர் பலமுறை சரிபார்த்துவிட்டார், முற்றிலும் உண்மை. ‘எங்க வீட்ல மழை பெய்யுது’ என்று கொடைக்கானலிலிருந்து ஃபோன் பண்ணுவதும் உண்மைதான். சக ஊழியரின் கணினி இன்டெல் என்பதை அவரும் சொல்லவில்லை, ஆய்வாளரும் கேட்கவில்லை.

இரண்டாம் தகவலாளி அக்கா மகன், பொறியியல் மூன்றாம் ஆண்டு. அவன் கூறியது: “டாக்கர விடுங்க மாமா, நேரடியா நோட்ல ஓட்டிருவோம். நோட் மாட்யூல்ஸ நான் பென்டிரைவ்ல போட்டுத் தர்றேன், உங்க நெட்டு மிச்சம்.” நெட் மிச்சமானது. நோட் என்பது ஜாவாஸ்கிரிப்ட் ஆப்களை ஓட்டும் கருவி, நோட் மாட்யூல்ஸ் என்பது அதற்கு வேண்டிய பேக்கேஜ்கள் கிடக்கும் ஃபோல்டர். அந்த ஃபோல்டரில் இருப்பவற்றில் பெரும்பாலானவை வெறும் ஜாவாஸ்கிரிப்ட் எழுத்து. அதை எந்தச் சிப்பிலும் படிக்கலாம். ஆனால் படத்தின் அளவைக் குறைக்கும் பேக்கேஜ், பாஸ்வேர்டைக் குழப்பி வைக்கும் பேக்கேஜ் போன்ற சில, கணினி மொழிக்கே பெயர்த்துச் சமைத்து வைத்த கோப்புகளோடு வருபவை. எந்தக் கணினியில் இன்ஸ்டால் செய்கிறோமோ அந்தக் கணினிக்கு உரியதையே அவை இறக்கிக்கொள்ளும். மருமகனுடைய கணினி இன்டெல். எனவே ஓடாமை ஒன்றாக இருந்தது இரண்டாயிற்று. அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டையைப் பெட்டியோடு வாங்கி வந்தால், கைக்குட்டை மட்டும் சரியாக இருக்கும்.

இரண்டாம் நாள் இரவு வரை ஆய்வாளர் செய்தவை: மூன்று முறை ரீஸ்டார்ட், இரண்டு முறை அழித்து அழித்து இறக்கியது, ஒரு முறை வேலையை விட்டுவிடும் யோசனை.

இயல் 3: மூன்றாம் தகவலாளி

மூன்றாம் நாள் காலை சித்தப்பாவின் கிணற்று மோட்டார் காயில் எரிந்துவிட்டது. அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டையில் காயில் கட்டும் அண்ணாச்சியிடம் போனோம். அவர் மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

“ரெண்டு பேஸ்ல கண்டன்சர் போட்டு ஓட்டுனீகளா?”

“ஆமா அண்ணாச்சி, ஒரு பேஸ் வரல. மிளகாய்ச் செடி காயுதுல்ல” என்றார் சித்தப்பா.

“ஓடும். யாரு ஓடாதுன்னா? ஆனா சுடும். அவசரத்துக்கு ஓட்டலாம், குடும்பம் நடத்த முடியாது.”

இதன் விளக்கம் வருமாறு. மூன்று பேஸ் மோட்டாருக்கு இரண்டு பேஸ் மட்டும் கொடுத்தால் அது உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது. இல்லாத பேஸ் இருப்பதுபோல் கண்டன்சர் ஒரு பாவனை செய்துகாட்டும். மோட்டார் நம்பிச் சுற்றும். தண்ணீரும் வரும். ஆனால் சூடேறும், விட்டால் காயில் போகும்.

சித்தப்பா விடவில்லை. “மோட்டாரு மட்டமோ? கரண்ட்டு மட்டமோ?”

“ரெண்டும் மட்டமில்ல. மொதல்ல நேம் பிளேட்டப் பாக்கணும். நான் யாரு, எனக்கு என்ன வேணும்னு அதுவே எழுதி மாட்டிக்கிட்டுத்தான வருது? அத ஒருத்தரும் படிக்கிறதில்ல. எரிஞ்சப்புறம் எங்கிட்டத் தூக்கிட்டு வாறீக.”

ஆய்வாளருக்கு அவ்விடத்திலேயே வியர்த்தது. வெயிலால் அன்று.

இயல் 4: நேம் பிளேட் படிக்கும் முறை

வீடு திரும்பி, அந்த முனகலுக்கு மேல் வரியை முதன்முறையாகப் படிக்க நேர்ந்தது. ‘கேட்ட பொதி லினக்ஸ், ஏஎம்டி64, இந்தக் கணினி லினக்ஸ், ஆர்ம்64, இரண்டும் பொருந்தவில்லை’ என்ற பொருள்பட அதில் தெளிவாக இருந்தது. மூன்று நாளாக இருந்திருக்கிறது. எச்சரிக்கை என்ற சொல்லில் தொடங்கும் வரியை மனிதக் கண் தாண்டிச் செல்லும் என்பது இவ்வாய்வின் துணை முடிபு.

நேம் பிளேட் இருக்கும் இடங்கள் மூன்று. முதலாவது கணினி: டெர்மினலில் ‘யூநேம்’ என்று அடித்து, இடம் விட்டு ஒரு சிறு கோடும் ‘எம்’ என்ற எழுத்தும் போட்டால் தன் குடும்பப் பெயரைச் சொல்லும். இரண்டாவது கோப்பு: லினக்ஸில் ஓடுவதற்காகக் கணினி மொழிக்குப் பெயர்த்த ஒவ்வொரு கோப்பும் தன் தலையில் ‘ஈ.எல்.எஃப்’ என்ற குறியைச் சுமந்து வரும். தலையிலிருந்து 18 பைட் தாண்டினால் ஓர் எண் இருக்கும். 62 என்றால் எக்ஸ்86-64; 183 என்றால் 64 பிட் ஆர்ம். லினக்ஸின் கெர்னல் அதைப் படித்து, தன் இனம் இல்லையென்றால் பிழை எண் 8 என்று திருப்பியனுப்பும். அதுதான் நாம் கேட்ட முனகல். ‘ஃபைல்’ என்ற கட்டளை கொடுத்தால் இவ்வெண்ணை மனித மொழியில் சொல்லும். மூன்றாவது டாக்கர் பொதி: ‘இன்ஸ்பெக்ட்’ செய்தால் ‘ஆர்க்கிடெக்சர்’ என்ற வரியில் முன்னெழுத்து இருக்கும்.

பரிகாரமும் மூன்று. உத்தமம்: பொதியைக் கட்டும்போதே இரு குடும்பத்துக்கும் கட்டுவது. ஒரே பெயருக்குள் இரண்டு பொதி இருக்கும். இறக்கும் கணினி தன் முன்னெழுத்துக்கு உரியதை எடுத்துக்கொள்ளும். மத்திமம்: பொதி எதன் மேல் கட்டப்பட்டதோ அந்தப் பழைய அடிப்பொதிக்கு ஆர்ம் வடிவம் இல்லையென்றால், அவ்வடிவம் உள்ள புதிய பதிப்புக்கு மாறுவது, நோட் மாட்யூல்ஸைப் பென்டிரைவில் வாங்காமல், அழித்துவிட்டு அந்தந்தக் கணினியிலேயே இன்ஸ்டால் செய்வது. அதமம்: கண்டன்சர் போடுவது.

டாக்கர் உலகில் கண்டன்சரின் பெயர் க்யூஎமு. பிரான்சின் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்டது. பிளாட்ஃபார்ம் என்ற இடத்தில் ‘லினக்ஸ்/ஏஎம்டி64’ என்று வெளிப்படையாக எழுதி, க்யூஎமுவை நடுவில் வைத்தால், அது எக்ஸ்86 கட்டளைகளை ஆர்முக்குப் பெயர்த்துப் பெயர்த்துச் சொல்லும். ஆப் ஓடும். மெதுவாக ஓடும். விசிறி இரைச்சலிடும். டேட்டாபேஸ் போன்ற கனமான சாமான்கள் சில நேரம் பாதியில் விழும். ஆய்வாளர் அவசரத்துக்கு ஓட்டினார். மாலைக்குள் மடிக்கணினி கயிற்றுக் கட்டிலைச் சூடேற்றியது. காயில் வாசம் வருகிறதா என்று முகர்ந்தும் பார்க்கப்பட்டது.

இயல் 5: மறுப்பும் விடையும்

அஃதேல், எக்ஸெக் ஃபார்மட் எரர் வந்தால் எப்போதும் குடும்பப் பொருத்தமின்மைதானோ எனின், அற்றன்று. தொடக்கத்து ஸ்கிரிப்டின் முதல் வரியில் எந்த ஷெல் தன்னைப் படிக்க வேண்டும் என்று எழுதாமல் விட்டாலும் இதே முனகல் வரும். அதுவும் ஒரு முன்னெழுத்து விடுபாடே என்பதால் கோட்பாடு உடையவில்லை.

கணினியைக் கேட்டால் உண்மையையே சொல்லுமோ எனின், எப்போதும் அன்று. 2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 சிப்பைக் கொண்டுவந்தபோது, பழைய இன்டெல் ஆப்களுக்காக ரொசெட்டா என்னும் மொழிபெயர்ப்பியையும் வைத்தது. ஒரே ஆணையை மூன்று எழுத்து முறையில் தாங்கி 1799இல் எகிப்தில் அகப்பட்ட கல்லின் பெயர் அது. டெர்மினலையே ரொசெட்டாவுக்குள் திறந்தவர் ‘யூநேம்’ கேட்டால், ஆர்ம் கணினி தன்னை எக்ஸ்86 என்று கூசாமல் சொல்லும். வெளியூரில் நம் ஊர்க்காரர் ‘மதுரைப் பக்கம்’ என்று சொல்லிக்கொள்வது இவ்வகை.

மேலாய்வுக்கான பரிந்துரை

ரிஸ்க்-ஃபைவ் என்ற மூன்றாம் குடும்பமும் வளர்ந்து வருகிறது. கோப்பின் தலையில் அதற்கு எண் 243. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ பிராசஸர் அக்குடும்பத்தைச் சேர்ந்தது. 2018இல் சண்டிகரை அடுத்த மொகாலியில் அதன் சிப் ஒன்று வார்க்கப்பட்டது. அது திண்ணைக்கு வரும் நாளில் ‘என் மிஷின்ல ஓடுதே’ என்பவர்களின் எண்ணிக்கை பற்றித் தனி ஆய்வு தேவைப்படும்.

முடிவுரை

அலுவலகத்தார் இரு குடும்பத்துக்கும் பொதி கட்டி அனுப்பினார்கள். ஆப் ஓடியது. ‘முன்னெழுத்துப் போடாமல் எதையும் அனுப்பாதீர்கள்’ என்று ஆய்வாளர் ஒரு பக்கத்துக்கு மெயில் எழுதினார். அதன் மூன்றாம் பத்தி சற்றுக் காரமானது.

மெயில் போன அரை மணியில் கூரியர் தம்பி ஃபோன் பண்ணினார். மடிக்கணினியின் புதுச் சார்ஜரோடு வேறொரு ஊர் மந்தையில் நிற்கிறாராம்.

“அண்ணே, குமாரலிங்கபுரம்னு மட்டும் போட்டிருக்கு. இனிஷியல் போட மாட்டீகளா?”

பின்கோடு இருக்கிறதே என்று ஆய்வாளர் வாதிட்டார். “அதெல்லாம் எங்கண்ணே பாக்குறது” என்றார் அவர். சார்ஜர் மறுநாள் வந்தது. அட்டையில் முன்னெழுத்துக்குரிய இடத்தைக் கூரியர் தம்பி பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தார். ஆய்வாளர் அதை இன்னும் நிரப்பவில்லை.