முந்தி ஓடாதடா பேராண்டி

ஞாயித்துக்கிழமை சர்ரே பக்கத்துக் கிராமத்துப் பப்பு வாசல்ல கூடி, காடுமேடெல்லாம் ஓடப் போறியாமே. ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸாம். நல்லாப் போயிட்டு வா. ஆனா புதுச் சப்பாத்து வாங்கியிருக்கேன்னு உங்கம்மா சொன்னா பாரு, அதை முதல்ல சேத்துல நாலு தேய் தேய்ச்சிரு. புதுசுன்னு கண்டுபிடிச்சா அதுலயே பீரை ஊத்திக் குடிக்க வைப்பானுங்க.

வெள்ளைக்கார ஊர்ல பொறந்த பழக்கம்னு நினைச்சுக்காத. 1938-ல நம்ம கோலாலம்பூர்ல பொறந்ததுடா இது. கிஸ்பர்ட்னு ஒரு கணக்காய்வாளர், அவரோட கூட்டாளிங்க சிலபேர். அவங்க தங்கித் தின்ன செலாங்கூர் கிளப்பு விடுதிச் சாப்பாடு அவ்வளவு லட்சணம். அதுக்கு வச்ச நக்கல் பேருதான் ஹேஷ் ஹவுஸ். 1942-ல ஜப்பான்காரன் வந்தப்ப சிங்கப்பூர்ச் சண்டையில கிஸ்பர்ட் செத்துப்போனாரு. யுத்தம் முடிஞ்சு, மிஞ்சினவங்க மறுபடி ஓட ஆரம்பிச்சாங்க.

நான் சின்னப் பையனா இருந்தப்ப துரைமாருங்க அரைக்கால் சட்டையோட ரப்பர்ப் பால் மரத்துக்கு நடுவுல காகிதத் துண்டைத் தேடிக்கிட்டு ஓடுவாங்க. பாவம், எதையோ தொலைச்சுட்டாங்கன்னு நாங்களும் கூடச் சேந்து தேடினோம்.

1950-ல சங்கமாப் பதிவு செஞ்சப்ப நோக்கம் எழுதிக் கொடுத்தாங்க பாரு, அதுதான் சங்கதி. உடம்பைத் தேத்தணும். வாரக் கடைசிப் போதை தெளியணும். நல்லாத் தாகம் எடுக்கணும், அதைப் பீரால தணிக்கணும். வயசானவனுக்கு அப்படியொண்ணும் வயசாகலைன்னு நம்ப வைக்கணும். அரசாங்கமும் முத்திரை குத்திக் கொடுத்திருச்சு. உன் பூட்டன் இருக்காரே, என் அப்பன், அவரும் இதையேதான் செஞ்சாரு. விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு மரம் சீவி, பால் வாளி சுமந்து, தாகம் எடுத்துத் தோட்டத்துக் கள்ளுக்கடையில தணிச்சாரு. அவரைக் குடிகாரன்னானுங்க.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். முயல்னு ரெண்டு பேரு முன்னாடியே போய் மாவு தூவி வச்சிருப்பான். மத்ததெல்லாம் வேட்டை நாய். அதுல நீயும் ஒண்ணு. நடுவுல மாவு வட்டம் ஒண்ணு வரும். வழி அதோட அறுந்துபோச்சு, மறுபடி எங்க தொடங்குதுன்னு தேடணும். கால் நீண்டவனெல்லாம் நாலு பக்கமும் பாய்வான். ஒருத்தன் மேட்டுல மூச்சு வாங்க ஏறி, அது பொய்த்தடம்னு தெரிஞ்சு தொங்கப்போட்ட மூஞ்சியோட இறங்கி வருவான். அதுக்குள்ள தொந்திக்காரரும் முட்டிவலிக்காரம்மாவும் ஆடி அசைஞ்சு வந்து சேந்திருப்பாங்க. முந்தி ஓடறவன்தான் அதிகம் ஓடுவான், எல்லாரும் ஒண்ணாத்தான் பப்புக்குத் திரும்புவாங்க. அதுதான் ஏற்பாடே. அதனால வட்டத்தைப் பாத்ததும் நீ குனிஞ்சு சப்பாத்துக் கயிறைக் கட்டு. அவுத்து இன்னொரு தரம் கட்டு. வழி கிடைச்சதும் 'ஆன் ஆன்'னு யாராவது கத்துவான், அப்ப நிமிரு.

அம்புக்குறி மஞ்சளா இருந்தா நடக்கறவன் பாதை. நீலமா இருந்தா குதிரைக்கும் சேத்து. நீலத்தைப் பாத்தா முழங்கால் சேறுன்னு புரிஞ்சுக்கோ. கோதுமை வயலுக்கு நடுவுல பொதுப் பாதை போச்சுன்னா தைரியமாப் போ, பாதையை விட்டு விலகாத. மூடியிருந்த கதவை மூடிட்டுப் போ. கன்னுக்குட்டியோட மாடு நின்னா சுத்திப் போ. பட்டணத்துப் பசங்களுக்கு எல்லா மாடும் பால் பாக்கெட்டுல சிரிக்கிற மாடுதான்.

திரும்பினதும் வட்டமா நிக்க வச்சுக் குத்தம் படிப்பாங்க. முதல்ல வந்தியா, குத்தம். வழி தவறினியா, குத்தம். ஒரே மூச்சுல குடிக்கணும். குடிக்க மாட்டேன்னா ஆரஞ்சுச் சாறு கேளு, கொடுப்பாங்க. அப்புறம் உள்ள போய் ஆளுக்கு ஒரு சுத்து வாங்கித் தருவாங்க. உன் முறை வர்ற நேரம் பாத்துக் கழிவறைக்குக் கிளம்பிடாத. அந்த ஊர்ல அதுக்கு மன்னிப்பே கிடையாது. அவங்க பைண்ட் 568 மில்லி, கார் எடுத்துக்கிட்டுப் போகாத.

நான் அங்க வரும்போது எனக்கும் ஒரு இடம் கேட்டு வை. நாயா ஓடற வயசு போச்சு. முயல் வேலைன்னா சொல்லு. கங்காணிக்குத் தெரியாம மரத்துக்கு நடுவுல வழி போட்டு வளந்தவன் நான். மாவு மட்டும் நீ வாங்கி வை.