நாலு தீவாளி பாத்த முடி

வா தாயி, உக்காரு. அந்தப் பையை இப்படித் திண்ணையில கொட்டு, பாப்போம். ஒண்ணு, ரெண்டு, மூணு... அடி ஆத்தே, 9 டப்பா! பொங்கலுக்கு வர்ற பிள்ளை கரும்பு தூக்கிட்டு வரும்னு பாத்தா, கடையையே தூக்கிட்டு வந்திருக்கு. நாங்க செக்கு ஓட்டுன காலத்துல வீட்டுல மொத்தமே மூணு ஜாடிதான். நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காயெண்ணெய். அதுல பாதி ஊரு குளிச்சது, மீதி ஊரு தாளிச்சது.

எதுக்குச் சிரிக்கிற? மொட்டைத் தலையனுக்கு முடியப் பத்தி என்ன தெரியும்னா? மாட்டுத் தரகன் வீட்டுல போய்ப் பாரு, தொழுவம் காலியாக் கெடக்கும். ஆனா பல்லப் பிடிச்சுப் பாத்தே வயசு சொல்லிருவான். 30 வருசம் எண்ணெய் வித்தவன் நான். ஜாடி முன்னால குனிஞ்ச தலைய எல்லாம் பாத்திருக்கேன். தலையில இல்லாட்டி என்ன, மீசை இன்னும் எம் பேர்லதான் இருக்கு.

சரி, இந்த டப்பாவுல என்ன எழுதியிருக்கு, வாசி. "வறண்ட கூந்தலுக்கு வேர் முதல் நுனி வரை ஊட்டம்." சபாஷ். செத்துப்போன பெறகு சோறு ஊட்டுறதுல நம்ம ஆளுகளுக்கு என்னிக்குமே பிரியம் அதிகம். முடி செத்தது தாயி. தோலுக்கு உள்ள இருக்கிற வேர்தான் உசுரு. வெளிய வந்துட்டா நகம் மாதிரி, வெட்டுனா வலிக்காது. வெளிய நிக்கிறது சாப்பிடாது, குடிக்காது. ஊட்டம் வேணும்னா நீ வாய் வழியாத்தான் திங்கணும். அதுவும் இனிமே மொளைக்கப் போற முடிக்குத்தான் போய்ச் சேரும்.

உன் பின்னலை முன்னால போடு. 2 அடி இருக்குமா? முடி மாசத்துக்கு அரை இஞ்சு, ஏறக்குறைய அவ்வளவுதான் வளரும். 24 இஞ்சுக்கு 48 மாசம். அப்போ இந்த நுனி இருக்கே, இது நாலு தீவாளி பாத்த நுனி. வாரத்துக்கு மூணு தடவை நீ தலைக்கு ஊத்துறன்னு வச்சுக்க, இது 600 தடவைக்கு மேல வெளுத்துட்டு வந்த துணி. நாலு வருசத்து வேட்டிய எவனாவது கல்லுல ஓங்கி அடிச்சுத் தோய்ப்பானா? நீ அடிக்கிற. அடிச்சுட்டு, வேட்டி ஏன் மினுங்கலன்னு கடைக்காரன்கிட்ட கேக்குற.

ஒரு முடிய ரெண்டு விரல்ல பிடிச்சு வேர்லருந்து நுனிக்கு இழுத்துப் பாரு. வழுக்கிட்டுப் போகுதா? இப்போ நுனியிலருந்து மேல இழு. சொரசொரன்னு தட்டுதில்ல? நாட்டு ஓடு வேஞ்ச கூரை மாதிரி முடி மேலயும் செதில் செதிலா அடுக்கியிருக்கு, வாய் நுனியப் பாத்து. அந்த ஓடு படிஞ்சு கெடந்தா வெளிச்சம் பட்டு மினுங்கும். கிளம்பிக்கிட்டா மினுக்கம் போயிரும், ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டுச் சிக்கு விழும், உள்ள இருக்கிற ஈரமும் தங்காது. வறண்ட முடின்னு நீ அழுறியே, அது தண்ணித் தாகம் இல்ல. ஓடு பேந்த வீடு.

அப்போ எண்ணெய் எங்கருந்து வரணும்? உன் தலையிலயே செக்கு ஓடுது, உனக்குத்தான் தெரியல. ஒவ்வொரு மயிர்க்காலுக்குப் பக்கத்துலயும் ஒரு பொடிச் செக்கு. அது விடுற எண்ணெய் நேர் முடின்னா சறுக்கிட்டு நுனி வரைக்கும் போயிரும். உனக்கு அப்பத்தா மாதிரி சுருட்டை முடி. எண்ணெய் நம்ம ஊரு டவுன் பஸ்ஸு கணக்கா வளைவுக்கு வளைவு நின்னு நின்னு போறதுக்குள்ள பாதி வழியிலயே தீந்துபோகும். மேல பிசுக்கு, கீழ பரட்டை. அதனால தலை பிசுக்கடிக்குதேன்னு தேய்ச்சுத் தேய்ச்சு அலசுற, அலச அலசக் கீழ இன்னும் காயுது. வழியுறது மாடத்துல, நீ தேய்க்கிறது வாசப்படிய. சாம்பு போட்டா மேல தோலுல மட்டும் போடு. வழிஞ்சு எறங்குற நுரை கீழ இருக்கிற முடிக்குப் போதும்.

அந்தக் கருப்பு இடுக்கி என்ன? முடிய நேராக்குறதா? எத்தனை சூட்டுல? 200 டிகிரியா! ஏன் தாயி, தண்ணி 100லயே கொதிக்குமே. நம்ம நெல்லுப் பொரி எப்படிப் பொரியுது, யோசிச்சுப் பாரு. உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி, வெளிய வர வழி இல்லாம வெடிக்குது. ஈரம் காயாத முடிய இதுல நசுக்குனா அதே கூத்துதான். முடிக்குள்ள குமிழி குமிழியா வந்து அந்த எடத்துலயே ஒடியும். பொரி விக்கிறவனாவது காசு வாங்கிட்டுப் பொரிப்பான். நீ காசு குடுத்துப் பொரிச்சுட்டு வந்திருக்க.

இன்னொண்ணு சொன்னா கோவிச்சுக்காத. எங்க காலத்துல ஒரு பிள்ளைக்கு முடி செம்பட்டையா இருந்தா, பாவம் சோறு பத்தலன்னு பக்கத்து வீட்டுக்காரி ஒரு உருண்டை சோத்த உருட்டிக் குடுப்பா. சத்தில்லாத பிள்ளைக்கு நிசமாவே நிறம் வெளுக்கும். நீ ஆயிரக்கணக்குல குடுத்து அந்த நிறத்தை வாங்கியாந்திருக்க. சாயம் உள்ள போகணும்னா முதல்ல ஓட்டைத் தெறக்கணும். தெறக்கிறவன் அதைச் சரியா மூடிட்டுப் போறதில்ல. உன்னப் பாத்ததும் அப்பத்தா ஏன் சோத்துத் தட்டோட ஓடி வந்தான்னு இப்போ புரியுதா?

இங்க வந்தும் ஒரு குத்தம் பண்ணிட்ட. போர் தண்ணியில தலைக்கு ஊத்துன. பருப்பே வேகாத தண்ணி அது. அதுல மேலுக்குப் போடுற சோப்பத் தலைக்கும் போட்டா நுரை வராது, மாவு மாதிரி ஒண்ணு திரிஞ்சு முடியில ஒட்டிக்கும். போதாததுக்குச் சோப்போட காரம் ஓட்டைத் தூக்கி விட்டுரும். உங்க சித்தப்பன் தலையத் தொட்டுப் பாரு, துடைப்பம் தோத்துப்போகும். மழைத் தண்ணி அண்டாவுல இருக்கு, கடைசிச் செம்பு மட்டும் அதுல ஊத்திக்க.

சீயக்காய் போட்டா எல்லாம் சரியாப் போயிரும்னு கெழடுக சொல்லும். நம்பாத, நான் சொன்னாலும் நம்பாத. கொரகொரன்னு அரைச்ச சீயக்காய முடியில தேய்க்கிறதும் உப்புத்தாள் போடுறதும் ஒண்ணுதான். துணியில சலிச்சு, வடிகஞ்சியில கொழைச்சுப் போட்டவ தலைதான் மினுங்குச்சு. மினுக்கத்துல கஞ்சிக்கும் பங்கு உண்டு, பேரு மட்டும் சீயக்காய்க்கு. செம்பருத்தி இலையும் ஊறப்போட்ட வெந்தயமும் இதே கட்சி. அந்த வழவழப்புத்தான் ஓட்டைப் படிய வைக்குது. உன் டப்பாவுல கண்டிஷனர்னு இருக்கே, அது பண்ற வேலையும் அதேதான். அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். அடிபட்ட எடமாப் பாத்து ஒட்டுற புத்தி அதுக்கு இருக்கு. காதுக்குக் கீழ தடவி, ரெண்டு நிமிசம் விட்டு அலசு. தலைத் தோலுல அப்பாத.

எண்ணெய் விசயத்துல மட்டும் நான் சொல்றதுதான் பஞ்சாயத்து. நல்லெண்ணெய் எனக்குப் பெத்த பிள்ளை மாதிரி. எள்ளோட கருப்பட்டி போட்டு ஆட்டும்போது தெரு முனைக்கு வர்ற வாசம் இருக்கே... சரி, அது கெடக்கட்டும். முடிக்குள்ள எறங்குறதுல தேங்காயெண்ணெய்தான் கெட்டிக்காரி. 2003ல பம்பாய்க்காரங்க தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மண்ணுக்கு அடியில எடுக்கிற எண்ணெய் மூணையும் முடியில தடவிப் பாத்தாங்களாம். அலசும்போது முடியோட புரதம் கரையாமக் காப்பாத்துனது தேங்காயெண்ணெய் ஒண்ணுதான். அதோட துகள் பொடிசு, நீட்டு, வளைவு இல்லாதது. இடுக்குல நுழைஞ்சிரும். மணம் போட்டு விக்கிற லேசான எண்ணெய் பலதுல பாதிக்கு மேல மண்ணெண்ணெய்க்குச் சித்தப்பன் மகன்தான் இருப்பான். பளபளன்னு மேல நிப்பான், வீட்டுக்குள்ள வர மாட்டான். தேங்காயெண்ணெய்யக் குளிக்கிறதுக்கு முன்னாடி தடவு. தண்ணி பட்டா முடி ஊதும், காஞ்சா சுருங்கும். ஊதிச் சுருங்கி ஊதிச் சுருங்கித்தான் தேயுது. எண்ணெய் அந்த ஊதலைக் கொறைக்கும். ஒரு கரண்டி போதும். நெத்தியில வழிஞ்சா அது தலையணைக்குப் போடுற எண்ணெய்.

ஆனா வெள்ளையா உதிர்ந்தா ஒடனே "தலை காஞ்சு போச்சு"ன்னு ஜாடியக் கவுக்காத. செக்கு எது சிவலிங்கம் எதுன்னு பாக்கணும். பொடுகா இருந்தா அது எண்ணெய் தின்னு வளர்ற ஒரு பூஞ்சைக் கிருமியோட வேலை. ராத்திரி முழுக்கத் தோலுல எண்ணெய் ஊற வச்சா அதுக்கு நீ விருந்து வச்ச மாதிரி. யாவாரம் போயிருமேன்னு இதை நான் அப்போ யாருக்கும் சொன்னதில்ல. அப்போ தெரியவும் தெரியாதுன்னு வச்சுக்க.

குளிச்சுட்டு வந்து துண்டால கதிர் அடிக்கிற மாதிரி அடிக்காத. ஈர முடி ரப்பரா இழுபடும், பட்டுன்னு போகும். என் பழைய வேட்டியில சுத்தி வையி. சிக்கெடுக்கிறதை நுனியிலருந்து ஆரம்பி, அகலப்பல்லு மரச்சீப்பால.

இப்போ வெளையாட்டில்ல, கேட்டுக்க. எதையும் மாத்தாம இருக்கும்போதே முடி திடீர்னு காஞ்சு, கூடவே அசதி, ஒடம்பு கனம், குளுரு தாங்காமப் போறது, மாச நாள் தப்புறதுன்னு வந்தா, அது தைராய்டா இருக்கலாம். ரத்தம் குடுத்துப் பாரு. அங்க எண்ணெய்க்காரனுக்கு வேலை இல்ல.

கடைசியா அந்தப் பிளந்த நுனி. கயிறு முனை பிரிஞ்சா முடிச்சுப் போடலாம், முடிக்கு முடிச்சும் கெடையாது பசையும் கெடையாது. ஒட்டிக் குடுக்கிறேன்னு சொல்ற டப்பா ரெண்டு நாள் ஒட்டும், மூணாம் நாள் பல்லக் காட்டும். 2 இஞ்சு வெட்டிரு. அழாத, நாலு மாசத்துல வந்துரும்.

டப்பாவ எல்லாம் எடுத்து வையி. அந்தக் கண்டிஷனர் டப்பாவுல ஒரு அளவு கொறைஞ்சிருந்தா பூனையச் சந்தேகப்படாத. நேத்து ராத்திரி உங்கப்பத்தா நாப்பது வருசம் கழிச்சு எம் மீசையப் பாத்து, "என்ன, மெத்துன்னு இருக்கு?"ன்னா. கடையில அது என்ன வெலைன்னு மட்டும் ரகசியமாச் சொல்லிட்டுப் போ.