சேவுக்குக் கால் சேர்ந்துவிட்டது

ரெடிங், இங்கிலாந்து
தை 10

அன்புள்ள அத்தைக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. "இங்கு யாவரும் நலம்" என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நான் பொய் எழுதினால் உங்களுக்குக் கையெழுத்திலேயே தெரிந்துவிடும். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் "நாய்" என்றால் உங்களுக்குத் "தாய்" என்று கேட்கிறது. போன வருஷம் "நாய்க்கு வயிற்றாலே போகுது" என்று நான் சொல்லப்போய், அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று நீங்கள் அழுதுகொண்டே மதுரைக்கு பஸ் ஏறிவிட்டீர்கள். அம்மா அங்கே திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நவம்பர் 5 ராத்திரி சேவு வேனில் அடிபட்டான். பயப்படாதீர்கள், பிழைத்துக்கொண்டான். தொடர்கதையிலேயே கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவர் நீங்கள். அதனால் முடிவை முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

சேவை நீங்கள் வீடியோவில்தான் பார்த்திருக்கிறீர்கள். பார்த்த அன்றைக்கே "பாவி, வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுறியா?" என்று கேட்டீர்கள். அவன் ஜாதியே அப்படி அத்தை. கிரேஹவுண்ட் என்று பேர். நம் சிப்பிப்பாறை நாய்க்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி ஒட்டின வயிறு, குச்சிக் கால், ஊசி மூக்கு. இங்கே பந்தயத்துக்கென்று வளர்க்கிறார்கள். நாலைந்து வயசுக்குள் ஓட்டம் முடிந்து ஓய்வு கொடுத்துவிடுவார்கள். ஓய்வுபெற்றவர்களுக்கு வீடு தேடிக்கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு அம்மாள் வந்து எங்கள் வேலியை அளவுநாடா வைத்து அளந்தார். வீட்டில் எத்தனை மணி நேரம் ஆள் இருக்கும், யாருக்கு எவ்வளவு கோபம் வரும் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். எனக்குப் பெண் கொடுத்தபோது என் மாமனார் இதில் பாதிகூட விசாரிக்கவில்லை.

அவன் இரண்டு காதுக்குள்ளும் பச்சை குத்தியிருக்கிறது. அயர்லாந்தில் பிறந்தவன் என்று அர்த்தமாம். இங்கே ஓடுகிற பந்தய நாய்களில் பெரும்பாலானவை அங்கே பிறந்து இங்கே வந்தவைதான். ஆக, எங்களைப்போல அவனும் பிழைக்க வந்தவன். விசா வரிசையில் மட்டும் நிற்கவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய உடம்பு. நாளில் 18 மணி நேரம் சோபாவில் கிடக்கும். வாழ்நாள் ஓட்டத்தையெல்லாம் ஓடி முடித்தாயிற்று என்கிற தோரணை. ஒல்லியாக, நீளமாக, அந்த மஞ்சள் நிறத்தில் அவன் படுத்திருப்பதைப் பார்த்துச் சின்னவன்தான் "ஆச்சி அனுப்பின சேவு மாதிரி இருக்கு" என்றான். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இப்போது அந்த ராத்திரி. இங்கே நவம்பர் 5 அன்று ஊர் முழுக்க வெடி வெடிப்பார்கள். 1605இல் யாரோ இவர்கள் பார்லிமெண்டுக்கு அடியில் வெடிமருந்துப் பீப்பாய்களை அடுக்கி வைத்து, கொளுத்துவதற்குள் பிடிபட்டுவிட்டார்கள். வெடிக்காமல் போன அந்த வெடிக்காக 400 வருஷமாக வெடித்துக்கொண்டிருக்கிறார்கள். சிவகாசியில் நடுக்கடையில் நின்று பேரம் பேசி வளர்ந்த எனக்கே அன்றைக்குக் காது அடைத்துக்கொள்ளும். ஒரு விஷயத்தில் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். இங்கே வெடிப்பது பெரும்பாலும் சீனச் சரக்கு. சேவு மிரண்டதற்கு நம் ஜில்லா மேல் பழி வராது.

வீட்டுக்காரியும் சின்னவனும் வேடிக்கை பார்க்க மைதானத்துக்குப் போயிருந்தார்கள். பெரியவள் மாடியில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். வெடி கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து, ஒன்றுக்குப் போகட்டும் என்று சேவை வாசலுக்குக் கூட்டிப் போனேன்.

அத்தை, இனி எழுதப்போவது உங்களுக்கு மட்டும். கிரேஹவுண்டுக்குத் தலை சின்னது, கழுத்து பெரியது. சாதாரணப் பட்டை போட்டால் பின்வாங்கி உருவிக்கொண்டு போய்விடும். இழுத்தால் இறுகுகிற மாதிரி ஒரு தனிப் பட்டை உண்டு. அதைத்தான் போட வேண்டும் என்று வேலி அளந்த அம்மாள் மூன்று தடவை சொன்னார். அந்தப் பட்டை மாடியில் இருந்தது. கைக்கெட்டின ஆணியில், கோவில்பட்டிச் சந்தையில் வாங்கி நீங்கள் கொடுத்தனுப்பிய வெண்கல மணிப் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பதின்மூன்று படி ஏறச் சோம்பல்பட்டு அதை மாட்டினேன். பின் தெருவில் ஒரு ராக்கெட் கிளம்பியது. சங்கிலி என் கையில் இருந்தது, சங்கிலியில் பட்டை இருந்தது, பட்டையில் மணி ஆடிக்கொண்டிருந்தது. சேவு மட்டும் இல்லை.

அடுத்து பிரேக் சத்தம்.

வீட்டுக்கு வீடு மளிகைச் சாமான் கொண்டுவருகிற வேன் அது. ஓட்டிவந்தவனுக்கு இருபது வயசு இருக்கும், ருமேனியாக்காரப் பையன். உடனே நிறுத்தி இறங்கி ஓடிவந்துவிட்டான், முகம் வெளிறிப்போய். நாயை அடித்தால் நின்றே ஆக வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. 1988ஆம் வருஷச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 170ஆம் பிரிவு. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து வேறு வேலையில்லாமல் போனில் படித்தேன். குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, செம்மறி, வெள்ளாடு, பன்றி, நாய் என்று வரிசையாகப் பேர் போட்டிருக்கிறது. பூனை இல்லை. எதிர்வீட்டுப் பூனை எங்கள் மதிலில் உட்கார்ந்து இத்தனை நாள் சேவை ஏளனமாகப் பார்த்ததே, அதற்கு இந்த விவரம் தெரியாது.

சேவு ரோட்டில் ஒருக்களித்துக் கிடந்தான். சத்தமே போடவில்லை. பின்னங்கால் ஒன்று திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மூச்சு மட்டும் மேலும் கீழும் அடித்தது. கையால் தூக்கினால் எலும்பு இன்னும் விலகும். அப்போது இடது பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்தார். ஆறு வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறோம், எங்களுக்குள் மழையைப் பற்றித் தவிர வேறு பேச்சு நடந்ததில்லை. மனுஷர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் இஸ்திரி போடுகிற நீளப் பலகையைக் கால்களை மடக்கி எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று பேரும் சேர்ந்து சேவை அதன் மேல் மெதுவாக நகர்த்தினோம். அவர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டார். பலகையின் உறையில் ரோஜாப் பூவாகப் போட்டிருந்தது. அந்தப் பையனின் வேனிலேயே, யார் யார் வீட்டுக்கோ போக வேண்டிய பால், முட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நானும், அதற்குள் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்ட பெரியவளும் பலகையைப் பிடித்துக்கொண்டு போனோம்.

ராத்திரியெல்லாம் திறந்திருக்கிற மிருக ஆஸ்பத்திரி. வாசலிலேயே இரண்டு பேர் வந்து பலகையோடு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். போன வருஷம் எனக்குக் கை எலும்பு விண்டபோது மனுஷர் ஆஸ்பத்திரியில் ஆறு மணி நேரம் பெஞ்சில் இருந்தேன். 1948 முதல் மனுஷருக்கு இங்கே வைத்தியம் இலவசம், அதனால் பெஞ்சு நிறைய ஆள். நாய்க்குக் காசு, அதனால் கதவு உடனே திறக்கிறது.

மேஜையில் இருந்த பெண் பேர் கேட்டாள். "சேவு" என்றேன். "கண்டிப்பாக, எங்களால் ஆனதையெல்லாம் செய்வோம். பேர் என்ன?" என்றாள். மறுபடி "சேவு" என்றேன். அத்தை, இவர்கள் பாஷையில் "சேவ்" என்றால் "காப்பாற்று" என்று அர்த்தம். நான் பதற்றத்தில் "சேவு, சேவு" என்று இன்னும் சத்தமாகச் சொல்ல, அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள். கடைசியில் பெரியவள்தான் எழுத்துக்கூட்டிச் சொன்னாள். அந்தப் பெண் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

பிறகு ஒரு படிவம். நெஞ்சு நின்றுபோனால் அழுத்திப் பார்க்கலாமா வேண்டாமா, ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அப்பாவுக்கு முடியாமல் போனபோது இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் மதுரையில் விமானம் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் தம்பியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "அழுத்துங்கள்" என்கிற கட்டத்தில் இரண்டு தடவை டிக் போட்டேன்.

அடுத்த தாளில் செலவு: குறைந்தது 6000 பவுண்டு, கூடினால் 9000. தயவுசெய்து ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், உங்களுக்கு ஏற்கெனவே பிரஷர். பாதிக்கு மேல் இன்சூரன்சில் வந்துவிட்டது. நாய்க்கு இன்சூரன்சா என்று வருஷாவருஷம் வீட்டுக்காரியோடு சண்டை போட்டவன் நான்தான். கார் மாற்றுவதாக இருந்தோம். பழைய கார் நன்றாகத்தான் ஓடுகிறது.

நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று புகுந்து நுரையீரலை அமுக்கிவிட்டதாம். ஊசி போட்டு இரண்டு தடவை காற்றை இறக்கினார்கள். இடது தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. ரத்தம் நிறையப் போனதால் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இங்கே 2007 முதல் நாய்களுக்கென்று ரத்த வங்கியே நடக்கிறது. கொடுக்கிற நாய்க்கு நிபந்தனைகளைக் கேளுங்கள்: 25 கிலோவுக்கு மேல் எடை, ஒன்றிலிருந்து எட்டு வயசுக்குள், சாந்த குணம், வெளிநாடு போகாதவன். கடைசி நிபந்தனையைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. வேடிக்கை என்னவென்றால், கிரேஹவுண்ட் ரத்தம் பெரும்பாலும் எந்த நாய்க்கும் ஒத்துப்போகும் என்று அவர்களைத்தான் கொடையாளியாகத் தேடுவார்களாம். எங்கள் கர்ணன் அன்றைக்குக் கையேந்தி நின்றார். கொடுத்தது யாரென்று தெரியாது. லேப்ரடாராக இருக்கும் என்பது சின்னவன் கட்சி, ஏனென்றால் வீடு வந்ததிலிருந்து சேவு பார்க்கிறதையெல்லாம் தின்னக் கேட்கிறான்.

எலும்புக்குத் தகடு வைத்து எட்டுத் திருகாணி முடுக்கியிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் பார்த்தால் மரக்கட்டில் மாதிரி இருக்கிறது. மாமா வைத்திருந்த கருப்பன் லாரியில் அடிபட்டபோது, மூங்கில் பத்தை வைத்து உளுந்தையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துக் கட்டினாரே, அதை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எத்தனை நாள் இருந்தது?" என்று கேட்டார். ஒன்பது வருஷம் கோணலாக ஓடியது என்றேன். "நல்ல கட்டுதான்" என்றார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தான். எட்டு வாரம் கூண்டுக்குள் ஓய்வு, கழுத்தில் புனல். அந்தப் புனலோடு திரும்பியதில் குத்துவிளக்கு ஒன்று, டம்ளர் நாலு காலி. வெளிக்குப் போகும்போது பின்பக்கத்தை வயிற்றுக்கடியில் துணி கொடுத்துத் தாங்க வேண்டும். இங்கே விற்கிற வார் எதுவும் சரிப்படவில்லை. அப்பாவின் நாலு முழ வேட்டிதான் பொருந்தியது. பனியில் நான் வேட்டியின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நடக்க, சேவு முன்னால் சுவாமி புறப்பாடு மாதிரி போவான். தெருவே ஜன்னலில் நின்று பார்த்தது. சீக்கிரம் குணமாக வேண்டும் என்று அவன் பேருக்கு 19 வாழ்த்து அட்டை வந்தது. என் கைக்கு ஒன்றுகூட வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வேன் பையன் வாரம் தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போகிறான். பலகைக்காரர் சாயங்காலம் வந்து கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அவருக்குப் புதுப் பலகை வாங்கிக் கொடுத்தேன். பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்.

போன வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. லேசாகச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறான். சோபாவில் ஏறிவிட்டான்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை. அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் வீட்டுக்காரி இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள், சேவு பிழைத்தால் வெள்ளியில் கால் செய்து போடுவதாக. கோயில் வாசல் கடையில் கை, கால், கண் எல்லாம் கிடைக்கும், ஆனால் அத்தனையும் மனுஷ உரு. நாய்க்கால் இருக்குமா என்று அடுத்த வெள்ளிக்கிழமை போகும்போது விசாரியுங்கள். இல்லையென்றால் சாத்தூர் ஆசாரியிடம் சொல்லிச் செய்யுங்கள். போட்டோ இதற்குள் வைத்திருக்கிறேன். இடது பின்னங்கால். வலது கால் செய்துவிடப் போகிறார், அம்மன் வேறு யார் கணக்கிலோ வரவு வைத்துவிடுவாள். முன்பணத்தை நீங்கள் கொடுத்து வையுங்கள், அனுப்பிவிடுகிறேன்.

தங்கள் அன்பு மருமகன்

பி.கு.: மணிப் பட்டையை ரோட்டிலிருந்து எடுத்துக் கருவிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். பெட்டியை நகர்த்தினாலே மணி அடிக்கிறது. பட்டை கழன்ற கதை வீட்டுக்காரிக்குத் தெரியாது. மதுரைக்குப் போனால் இந்தக் கடிதத்தைக் கொண்டுபோக வேண்டாம். அம்மா படித்தால் அன்றைக்கு ராத்திரியே இங்கே போன் வந்துவிடும்.