தேர்வுத் துறைக்கு ஒரு கட்டுரை வியாபாரியின் விண்ணப்பம்

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அரசுத் தேர்வுகள் இயக்ககம்,
கல்லூரிச் சாலை, சென்னை-6.

பொருள்: பிளஸ் டூ ஆங்கிலத்தில் மனப்பாடத்தை ஒழித்துவிட வேண்டாம் எனக் கெஞ்சிக் கேட்பது தொடர்பாக.

ஐயா,

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, இலஞ்சிக் குமாரர் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு டியூசன் நடத்திப் பிழைப்பவன் நான். பாடம் நடத்துகிறேன் என்றால் முருகனுக்கே பொறுக்காது. ஆங்கிலக் கட்டுரைகளைத் தயார் செய்து, ஜெராக்ஸ் எடுத்து, பிள்ளைகள் தலைக்குள் இறக்குகிறேன். நன்றாகப் படிப்பவனுக்கு ஒரு பக்கச் சரக்கு, மெல்லக் கற்போருக்கு ஆறு வரிச் சரக்கு.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளிவந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போயிற்று. போனால் போகட்டும். மனப்பாடமும் போகவேண்டும், பிள்ளைகள் புரிந்து படிக்கவேண்டும் என்கிறார்களே, அதுதான் வயிற்றைக் கலக்கியது. பிறகு பழைய கேள்வித்தாள்களை எடுத்துப் புரட்டினேன். உயிர் வந்தது.

இரண்டாகக் கிடந்த ஆங்கிலத் தாளை 2018-19இல் ஒன்றாக்கினீர்கள். எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண். அதில் 35, கடைசிப் பகுதியின் ஏழு ஐந்து மார்க் கேள்விகளுக்கு. பாடக் கட்டுரை என்றால் சுமார் 150 சொல். புத்தகத்தில் பாடத்தின் முடிவில் அச்சடித்திருக்கிற கேள்வியே வார்த்தை பிசகாமல் தாளில் வந்து உட்காருகிறது. கேள்வி மனப்பாடமாக வரும்போது பதில் மட்டும் சுயமாக வருமா? மனப்பாடத்தை முதலில் ஆரம்பித்தது யார் என்று நான் கேட்க மாட்டேன். அண்டிப் பிழைக்கிறவன் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

உதாரணத்துக்கு ஒன்று. ஜார்ஜ் ஆர்வெல் 1946 ஜனவரியில் லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய 'எ நைஸ் கப் ஆஃப் டீ' பிளஸ் டூ உரைநடைப் பாடம். நல்ல தேநீருக்கு 11 விதிகள். அதே வருஷம் அதே மனுஷன் இன்னொரு கட்டுரையும் எழுதினார். யாரோ கோத்து வைத்த சொற்றொடர்களை எடுத்து ஒட்டிக்கொண்டே போகிறவனுக்கு, யோசிக்கிற வேலையையும் அந்தச் சொற்றொடர்களே செய்துவிடும் என்பது அதன் சாரம். நல்லவேளை, அதை விட்டுவிட்டு டீயைப் பாடமாக வைத்தார்கள். புத்தகம் போடுகிறவர்கள் வேறு அலுவலகம் என்று தெரியும்; ஆனாலும் ஒரே வளாகத்துக்காரர்கள், என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.

என்னிடம் படிக்கிற ஒரு பையனின் அப்பாவுக்குக் குற்றாலத்தில் டீக்கடை. சாரல் பிடித்துவிட்டால் சனி, ஞாயிறு பையனும் பாய்லர் பக்கத்தில்தான் நிற்பான். மாதிரித் தேர்வில் இந்த டீக் கேள்விக்கு என் தாளை ஒப்பிக்காமல் இப்படி எழுதி வைத்தான்: 'மை ஃபாதர் ஃபர்ஸ்ட் வாஷ் தி கிளாஸ் வித் ஹாட் வாட்டர். கோல்ட் கிளாஸ் ஸ்பாயில் தி டீ.' வினைச்சொல் இரண்டிலும் எஸ் இல்லை. சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். டீ ஊற்றும் பாத்திரத்தை முன்னாலேயே சூடுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஆர்வெலின் மூன்றாவது விதி. ஆக, பயலுக்குப் பாடம் புரிந்துவிட்டது. அதுதானே ஆபத்து!

"ஏலே, உங்கப்பன் போடுத டீயை எவன்ல கேட்டான்? லண்டன் டீயை எழுது."

"சீனியே போடக்கூடாதுன்னு பதினோராவது விதி சொல்லுதே சார். நம்ம ஊர்ல அதை எவன் குடிப்பான்?"

"குடிக்கதுக்கால கேக்காவ? அஞ்சு மார்க்குக்குல!"

இப்போது 11 விதியையும் வரிசை மாறாமல் ஒப்பிக்கிறான். இடையில் தும்மல் வந்தால் மட்டும் முதல் விதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது.

செய்யுளுக்கு என்னிடம் இருப்பது இன்னும் உயர்ந்த சரக்கு: எல்லாச் செய்யுளுக்கும் ஒரே கட்டுரை. 'திஸ் போயம் இஸ் ரிட்டன் பை' என்று தொடங்கி, ஒரு கோடு விட்டு, கவிஞர் இயற்கையையும் வாழ்க்கையையும் அழகாக வருணிக்கிறார், எளிய சொற்களைக் கையாள்கிறார், நமக்கு நல்ல செய்தி சொல்கிறார் என்று முடியும். டென்னிசனின் யுலிசீஸும் அதில் அடங்குவார், டோரு தத்தின் சவுக்கு மரமும் அடங்கும். ஒரே ஒரு குறை. கட்டுரை முழுக்க 'ஹீ' என்று இருக்கும். டோரு தத் 1877இல், 21 வயதிலேயே கண்மூடிய வங்காளப் பெண். எங்கள் வட்டாரத்தில் வருஷா வருஷம் அவர் ஆணாகிறார். விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே மூச்சுவிட நேரமில்லாமல் உட்கார்ந்திருக்கிற எந்தத் திருத்துநரும் இதற்காக மார்க்கைக் குறைத்ததாக என் பிள்ளைகள் வந்து சொன்னதில்லை.

கி.ரா.வை நினைத்தால்தான் கொஞ்சம் சங்கடம். கோவில்பட்டி பக்கத்து இடைசெவல்காரர். அவருடைய 'நாற்காலி' கதை 'தி சேர்' ஆகிப் பாடமாக இருக்கிறது. வீட்டுக்கு ஆசையாகச் செய்து கொண்டுவந்த நாற்காலியை, ஊரில் எழவு விழுந்தால் பிணத்தை உட்கார்த்தி வைக்க இரவல் கேட்டு வருகிற கதை. மேலகரத்துப் பிள்ளை ஒருத்தி அதை நம்ம பேச்சிலேயே சொல்லிக் காட்டினாள். கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கினதும், "சரி, தாளை எடுங்க" என்றேன். எல்லார் முகமும் செத்துப்போயிற்று.

மனப்பாடமே பாவம் என்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இதே குற்றாலத்தில்தான் ரசிகமணி டி.கே.சி. இருந்தார். 1954இல் காலமாகும்வரை கம்பன் அவர் நாக்கிலேயே குடியிருந்தான். பிடித்துப்போன பாட்டு என்றால் ஒன்றை வைத்துக்கொண்டே வெகுநேரம் திளைப்பாராம். அவரைக் கூப்பிட்டு 150 சொல்லில் எழுதச் சொல்லியிருந்தால் ஐந்துக்கு இரண்டு தேறியிருக்கும். சொல் மிஞ்சியதற்கு அதிலும் அரை போயிருக்கும். நல்லவேளை, அவர் நம் காலத்தில் பிளஸ் டூ எழுதவில்லை.

ஆகவே தங்கள் பொற்பாதத்தில் என் கோரிக்கை இதுதான். பையனுக்குத் தெரிந்த டீயைப் பற்றியோ, அவன் ஊர் ஆற்றைப் பற்றியோ, அவனே பத்து வரி சொந்தமாக எழுதுகிற மாதிரி ஒரு கேள்வியும் கேட்டுவிடாதீர்கள். தப்பும் தவறுமாக எழுதினாலும் யோசித்து எழுதியவனுக்குத்தான் மார்க் என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள். அப்படி ஒரே ஒரு வருஷம் நடந்தாலும் என் கொட்டகைத் தகரத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும். மேடையில் மனப்பாடத்தைத் திட்டுவது பற்றி ஆட்சேபணை இல்லை. தாராளமாகத் திட்டுங்கள். கேள்வித்தாளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
கட்டுரை வியாபாரி, இலஞ்சி.

இணைப்பு: இந்தக் கடிதத்துக்குத் தாங்கள் அனுப்ப வேண்டிய பதில். வேலைப்பளு கருதி நானே தயாரித்துவிட்டேன்.

'தங்கள் ______ தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. அதில் கண்ட பொருள் பரிசீலனையில் உள்ளது. மாணவர் நலன் கருதி உரிய நேரத்தில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.'

எந்தக் கடிதத்துக்கும் பொருந்தும். தேதியை மட்டும் நிரப்பிக்கொள்ளவும்.