முகவரியார்

ஒவ்வொரு அடுக்குமாடிக் குடியிருப்பிலும், ஒவ்வொரு ஓய்வூதியர் சங்கத்திலும், ஐம்பது தலைகளுக்குக் குறையாத ஒவ்வொரு உறவுக் கூட்டத்திலும், யாரும் நியமிக்காமலே பதவியேற்று, யாரும் கேட்காமலே கடமையாற்றி, யார் கெஞ்சினாலும் ராஜினாமாச் செய்யாத ஒரு மகானுபாவர் இருக்கிறார். சங்கத்துக்குத் தலைவர் மாறுவார். பொருளாளர், கணக்கு ஒத்துவராத வருஷங்களில், சற்று அவசரமாகவே மாறுவார். இவர் மட்டும் மாறுவதில்லை. எல்லாருடைய மின்னஞ்சல் விலாசங்களும் இவருடைய கம்ப்யூட்டரில் இருக்கின்றன என்பதே காரணம். இவரை நாம் முகவரியார் என்று வழங்குவோம்.

முகவரியார் பெரும்பாலும் சர்க்கார் இலாகா ஒன்றில், கணக்குப் பிரிவிலோ பதிவேட்டுப் பிரிவிலோ நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து, காகிதங்களை வகை பிரித்து, இலக்கமிட்டு, நாடாவால் கட்டி அடுக்கும் சுகத்தில் ஊறிப்போய் ஓய்வு பெற்றவராக இருப்பார். அடுக்குவதற்கு ஒன்றுமில்லையே என்று வீட்டில் அவர் தவிப்பதைக் காணப் பொறுக்காத மகனோ மருமகளோ ஒரு மடிக்கணினியை வாங்கிக் கொடுத்து, அதில் ‘தொடர்புகள்’ என்றொரு பகுதியும், அதனுள்ளே ‘குழு’ என்றொரு வசதியும் இருப்பதை விளையாட்டாகக் காட்டிவிடுகிறார்கள். மனித ஜாதி முழுவதும் வகைப்படுத்தப்படாமல் இப்படிச் சிதறிக் கிடக்கிறதே என்ற கவலை அக்கணமே அவரைப் பற்றிக்கொள்கிறது.

முதலில் ‘குடியிருப்போர்’ என்று ஒரே குழுதான் பிறக்கும். அது சில நாட்களில் ‘சொந்தக்காரர்’, ‘வாடகைதாரர்’ என்று இரண்டாகும். பராமரிப்புச் சந்தா விஷயத்தில் மானிட சுபாவம் வெளிப்பட வெளிப்பட, ‘சந்தா பாக்கி’, ‘நெடுநாள் பாக்கி’, ‘கேட்டால் கோபிப்பவர்’ என்று கிளை விடும். உறவினர் பகுதியிலோ ‘பங்காளிகள்’ என்று ஒரு குழுவும், ‘பங்காளிகள் – பேச்சுவார்த்தை உள்ளவர்கள்’ என்று அதனின்றும் சிறியதான மற்றொரு குழுவும் இருக்கும். ஒரு கல்யாணத்துக்கும் அடுத்த கல்யாணத்துக்கும் இடையில் இந்த இரண்டுக்கும் நடுவே ஆட்கள் போவதும் வருவதுமாக இருப்பார்கள். குடும்ப சரித்திரத்தை எழுத முற்படுகிறவன் சொத்துப் பத்திரங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. முகவரியாரின் குழுக்களைப் பார்த்தாலே போதும்.

இவ்வளவு வகைப்படுத்தத் தெரிந்தவருக்கும் ஒரு சங்கடம் காத்திருந்தது. மேல்நாட்டார் வகுத்த அந்த விலாசப் புத்தகத்தில் முதற்பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் இருக்கின்றன. நம்மவரில் பெரும்பாலோருக்கோ தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தவிர வேறு குடும்பப் பெயர் கிடையாது. கட்டத்தைக் காலியாக விடுவது தாம் கற்ற அலுவலக தர்மத்துக்கு விரோதமாகையால், அங்கத்தினர் ஒவ்வொருவரிடமும் தகப்பனார் பெயரைக் கேட்டறிந்து, எழுத்துப் பிசகாமல் நிரப்பிவைத்தார். பிறகு ஒரு வருஷப் பிறப்பன்று, ஒரே கடிதத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பெயரிட்டு அனுப்பும் வித்தையைப் பேரனிடம் கற்று, விளிக்கும் இடத்தில் குடும்பப் பெயரைச் சேர்க்கும்படி இயந்திரத்துக்கு ஆணையிட்டார். காலஞ்சென்ற எத்தனையோ பெரியவர்களுக்கு, ‘தாங்கள் நீடூழி வாழ்க’ என்ற வாழ்த்து, அவரவர் புத்திரர்களின் மேற்பார்வையில் போய்ச் சேர்ந்தது.

ஒரே பெயருடையவர்களைப் பிரித்தறிய அவர் கையாண்ட உபாயம் இன்னும் விசேஷமானது. சுப்பிரமணியன்கள் பலர் இருந்தமையால், ‘சுப்பிரமணியன் ரயில்வே’, ‘சுப்பிரமணியன் மூன்றாம் மாடி’, ‘சுப்பிரமணியன் கைமாற்றுத் திருப்பாதவர்’ என்று அடையாளங்களைச் சேர்த்தே பெயர்களைப் பதிந்துவைத்தார். நாம் நம் புத்தகத்தில் ஒருவரை எப்படி எழுதிவைத்திருக்கிறோமோ அந்தப் பெயரே கடிதத்தின் தலைப்பிலும் ஏறிச் சென்று, பெறுகிற அத்தனை பேர் கண்ணிலும் படக்கூடும் என்ற ரகசியத்தை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது பற்றிய சாதாரண அறிவிப்பு ஒன்று சென்ற அன்று மாலையே, கைமாற்று வட்டியுடன் வந்து சேர்ந்தது. தொழில்நுட்பத்தால் சமூகத்துக்கு விளைந்த நன்மைகளுள் இதை அவர் இன்றும் முதலாவதாகக் குறிப்பிடுவார்.

கடிதம் அனுப்பும் முறையிலும் அவருக்கென்று ஓர் ஆசாரம் உண்டு. தட்டச்சு யந்திரத்தில் கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுத்த காலத்தின் நினைவாகவே ‘ஸி.ஸி.’ என்ற கட்டம் மின்னஞ்சலில் நிலைத்திருக்கிறது என்பதை அறிந்தவராதலால், அதில் இடம்பெறும் பெயர்களை, கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பாவுக்கு முன் சித்தப்பா வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஜாக்கிரதையோடு, வயதும் அந்தஸ்தும் தவறாமல் வரிசைப்படுத்துவார். மறைபிரதியான ‘பி.ஸி.ஸி.’யை மட்டும் அவர் தொடுவதில்லை. “யாருக்கு அனுப்பினோம் என்பதை மறைப்பானேன் சார், நாம் என்ன திருட்டுக் காரியமா செய்கிறோம்?” என்பது அவர் வாதம். இந்த நேர்மையின் பயனாக எல்லாருடைய விலாசமும் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. லிஃப்ட் பழுது பார்க்கப்படும் என்ற ஒரு வரிச் செய்திக்கு ஒருவர் ‘நன்றி’ என்று அனைவருக்குமாகப் பதில் எழுத, இன்னொருவர் ‘வழிமொழிகிறேன்’ என்று எழுத, மூன்றாமவர் ‘தயவுசெய்து அனைவருக்கும் பதில் எழுதாதீர்கள்’ என்று அனைவருக்கும் எழுத, லிஃப்ட் பழுது பார்க்கப்பட்டு, ஓடி, மறுபடியும் பழுதான பின்னும் அந்தச் சம்பாஷணை ஓய்வதில்லை.

குறை சொல்லுகிறவர்களுக்கு அவரிடம் தக்க பிரமாணம் இருக்கிறது. 1997ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் கம்பெனிக்குள்ளேயே, ஆயிரக்கணக்கான ஊழியர்களின் விலாசங்கள் அடங்கிய ‘பெட்லம்’ என்ற குழுவுக்கு ஒருவர் கடிதம் எழுத, ‘என் பெயரை நீக்குங்கள்’, ‘என் பெயரையும் நீக்குங்கள்’ என்று எல்லாரும் எல்லாருக்கும் எழுதி, சுமார் ஒன்றரைக் கோடிக் கடிதங்கள் பெருகி, அந்த மகா ஸ்தாபனத்தின் அஞ்சலே ஸ்தம்பித்துப் போனதை எடுத்துக்காட்டுவார். அதற்கும் முன்னே, 1978 மே மாதத்தில், அமெரிக்காவில் கேரி தூர்க் என்ற கம்ப்யூட்டர் விற்பனை அதிகாரி, அக்காலத்து ஆர்ப்பாநெட் என்ற கம்ப்யூட்டர் வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பியபோது, விலாசங்கள் அவற்றுக்குரிய இடத்தில் கொள்ளாமல் வழிந்து கடிதத்தின் உடலுக்குள்ளேயே புகுந்துவிட்டனவாம். உலகம் அதை முதல் வேண்டாக் கடிதம் என்று நிந்திக்கிறது. விஷயத்தை விட விலாசங்களே மிகுந்து நிற்கும் அக்கடிதத்தை, இலக்கணம் நிரம்பிய கடிதமென்று முகவரியார் கருதுகிறார்.

எண்ணிக்கை விஷயத்தில் ஜிமெயில் அவருக்கு ஓர் அநீதி இழைத்தது. ஒரு கடிதத்துக்கு 500 பேருக்கு மேல் ஆகாது என்று அது விதித்திருப்பதால், தீபாவளி வாழ்த்தை ‘தீபாவளி ஒன்று’, ‘தீபாவளி இரண்டு’ என்று பிரிக்க வேண்டியதாயிற்று. இரண்டாவதில் வைக்கப்பட்டோர், தங்களை எந்தக் குற்றத்துக்காக இறக்கினார் என்று கேட்டுக் கோபித்துக்கொண்டார்கள். மறுவருஷம் பட்டியலைத் தலைகீழாக்கியபோது மற்றவர்கள் கோபித்துக்கொண்டார்கள். பின்னர் அவர் தண்டர்பேர்டு என்ற செயலிக்கு மாறினார். நாம் யாருக்கு எழுதினாலும் அவர் விலாசத்தைத் தானாகவே சேகரித்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. கடிதம் சேராமல் திரும்பும்போதெல்லாம் அதைத் தெரிவிக்கும் ‘மெய்லர் டீமன்’ என்பதை ஏதோ ஓர் அஞ்சல் அதிகாரி என்று நம்பிய முகவரியார், ‘தங்கள் உடனடித் தகவலுக்கு மிக்க நன்றி, ஐயா’ என்று அதற்கு மரியாதையாகப் பதில் எழுதிவந்தமையால், அதன் விலாசமும் சேகரத்தில் ஏறி, பின் ‘நலம் விரும்பிகள்’ குழுவில் இடம்பெற்று, இப்பொழுது பொங்கல் தவறாமல் வாழ்த்துப் பெற்றுவருகிறது.

இத்தனைக்கும் பிறகு, அவரைப் பரிகசிக்கிற நாம் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மத்திய அரசில் ஓய்வு பெற்றோர் தாம் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் நவம்பரில் சான்றிதழ் கொடுத்து நிரூபிக்க வேண்டும். எண்பது வயது கடந்தவர்கள் மட்டும் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். அங்கத்தினர் ஒவ்வொருவரின் பிறந்த தேதியையும் குறித்துவைத்து, எண்பது நிரம்பும் அன்றே ‘எண்பது கடந்தோர்’ குழுவுக்கு மாற்றி, உரிய மாதத்தில் நினைவூட்டி, பதில் வராதவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கைவிரல் ரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்காதவரை வங்கிக்கே அழைத்துச் செல்லுகிறவர் முகவரியார்தான். அன்புள்ளவர்கள் பிறருடைய பிறந்த தேதியை மறந்துவிடுகிறார்கள், வகைப்படுத்துகிறவர் மறப்பதில்லை. அதனால் ஓய்வூதியம் நின்றுபோகாமல் தப்பியவர்கள், அவர் அனுப்பும் மற்றக் கடிதங்களை வாசிக்காமலே பொறுத்துக்கொள்ளுகிறார்கள்.

பொறுக்க முடியாதவர்களுக்கும் அவர் நியாயமான வழி வைத்திருக்கிறார். பெயரை நீக்கும்படி எழுத்து மூலம் கேட்டால், காரணம் ஏதும் வினவாமல் அன்றே நீக்கிவிடுவார். நீக்கியபின் அவர்களை ‘விலகியோர்’ என்ற குழுவில் சேர்த்து, அவர்கள் விலகியிருக்கும் காலத்தில் சங்கத்தில் நடந்தவற்றை மாதந்தோறும் விவரமாக எழுதி அனுப்பிவருகிறார். அந்தக் குழுதான் இப்பொழுது எல்லாவற்றிலும் பெரியதென்று கேள்வி.