குதி என்று சொல்கிறவர்

லயத்தில் ஒரு பையன் கேம் ஆட உட்கார்ந்தால், தேத்தண்ணி ஆறுவதற்குள் அவன் முதுகுக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்பார். ஆடுகிறவனைப் பற்றி எழுத உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நிற்கிறவரைப் பற்றி எழுத ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இது.

பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை என்று பதுளையைச் சுற்றி எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அவர் இருப்பார். நாற்பதுக்கு மேல், அறுபதுக்குள். ஸ்வெட்டர், தலையில் கம்பளிக் குல்லா. கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்தபடி இருக்கும்; முன்னால் கொண்டுவந்தால் யாராவது அதில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். பெயர் எதுவாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு அவர் மாமா. உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். "பரவால்ல, நான் இப்பிடியே கெளம்பிருவேன்" என்பார். ராத்திரி ஒன்பதரை மணிக்கும் அதையேதான் சொல்வார்.

கேம் வருவதற்கு முன்பும் மாமா சும்மா இருந்ததில்லை. பதுளை பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது "வரட்டும், வரட்டும்" என்று கேட்ட குரல் அவருடையது. கோயில் தேர் முக்கில் திரும்பும்போது வடத்தைத் தொடாமல் வழி சொன்னவர் அவர். கரம் போர்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவதாக நின்று, "அந்தச் செவப்ப இப்ப ஏன் தொடுற?" என்று கேட்டவரும் அவரே. பஸ் மெதுவாக வரும். தேர் அதைவிட மெதுவாக வரும். கரம் ஆடுகிறவன் யோசித்து யோசித்துத்தான் அடிப்பான். புத்தி சொல்ல அவகாசம் தாராளமாகக் கிடைத்தது. அப்படிச் சீரும் சிறப்புமாக நடந்துவந்த தொழிலில் மண்ணைப் போட்டது ஒரு லெப்டொப்.

கொழும்பில் வேலை செய்யும் மருமகன் தீபாவளி லீவுக்கு வந்தபோது, ஒரு பழைய லெப்டொப்பையும் அதற்குள் 'ஃப்ரீடம் பிளானட் 2' என்ற கேமையும் கொண்டுவந்தான். ஓடு, தாவு, ஏறு, எதிரியை அடி என்ற வகை. கேலக்ஸிட்ரெயில் என்ற சின்னக் குழு செய்தது. முதல் பாகம் 2014இல், இந்த இரண்டாம் பாகம் 2022 செப்டம்பரில். திரை முழுக்கத் திருவிழாக் கடை வண்ணம். வேகமோ சொல்லி மாளாது. லைலாக் என்ற ஊதா நிற டிராகன் பெண் உடம்பைச் சுருட்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்தாளென்றால், சுவரில் மோதி, கூரையில் மோதி, நாம் கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள் அடுத்த மலையில் நிற்பாள்.

மாமாவின் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

"குதிடா!"

"குதிச்சாச்சு மாமா."

"நான் சொல்றதுக்கு முன்னாடி ஏன் குதிச்ச?"

இதற்கு மருமகனிடம் பதில் இல்லை. மாமா பள்ளத்தைப் பார்த்து, பள்ளம் என்று உணர்ந்து, மூச்சை இழுத்து, வாயைத் திறந்து "கு" என்று தொடங்குவதற்குள் லைலாக் இரண்டு பள்ளத்தைத் தாண்டி மூன்றாவது எதிரியைத் தலைமுடியால் விளாசிக்கொண்டிருப்பாள். ஆம், தலைமுடியால்தான், அவளுக்கு அது சாட்டை. "தி" என்று மாமா முடிக்கும்போது அது வேறு பள்ளத்துக்குரிய புத்திமதி ஆகிவிடும். சில நேரம் அதுவும் பொருந்திப்போகும். அப்போது சுற்றி நிற்கிற எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பார்.

வட்டமான பாதையில் லைலாக் தலைகீழாக ஓடி வந்த இடத்தில் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். மாமா அசரவில்லை. "இதென்ன பெரிய விஷயம்? நம்ம தெமோதரைல ரயில் சுத்திக்கிட்டு வந்து, வந்த ஸ்டேஷனுக்கு அடியிலயே குகைக்குள்ள போகுது. 1924ல பதுளைக்கு ரயில் வந்ததுல இருந்து ஓடுது. எவனாவது கைதட்டினானா?" என்றார். சொன்ன தகவல் அத்தனையும் சரி. ஆனால் அந்த ரயில் தலைகீழாக ஓடுவதில்லை என்று ஒரு பொடியன் சொல்லிவிட்டான். "ஓடினா டிக்கட் வெல கூட்டிருவான்" என்று மாமா அந்தப் பேச்சை அதோடு முடித்தார்.

அடுத்தது மிருகங்கள். கேமில் நாம் ஆடக்கூடிய ஆட்கள் நாலு பேர். லைலாக் டிராகன். கேரல் பச்சை நிறக் காட்டுப் பூனை. மோட்டார் சைக்கிள் ஓட்டுவாள். மில்லா நீளக் காதுள்ள நாய்க்குட்டி. அந்தக் காதை அடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் பறக்கவும் செய்வாள். நீரா பனிக்கட்டியை ஆயுதமாக்கும் பாண்டா. மருமகன் இப்படி வரிசையாக அறிமுகம் செய்துவைத்தான். மாமா அவற்றைத் தோட்டத்துப் பதிவில் ஏற்றிக்கொண்டார். டிராகன் ஓணான் ஆயிற்று. பாண்டா கரடி ஆயிற்று. காட்டுப் பூனையை மட்டும் அவர் பூனை என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. "இந்தப் பார்வைய நான் மலைல பாத்திருக்கேன். இது புலிதான்" என்றார். மலைநாட்டுத் தோட்டங்களில் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வார்கள். லயத்து வாசலில் படுத்திருந்த நாயை அது தூக்கிக்கொண்டு போன கதை இல்லாத லயம் குறைவு. ஆகவே கேரலும் மில்லாவும் ஒரே கட்சியில் நின்று சண்டை போடுவதைப் பார்த்ததும் மாமாவுக்கு மனசு ஆறவில்லை.

"புலியும் நாயும் ஒரே பக்கமாடா?"

"கூட்டாளிங்க மாமா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "எலக்சன் நேரமா இருக்கும்" என்று சமாதானமாகிவிட்டார். தோட்டத்துச் சங்கங்களின் கூட்டணிகளை முப்பது வருஷம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கேமின் வரலாற்றையும் அவர் விடவில்லை. இது முதலில் சோனிக் கேமின் ரசிகர் ஒருவர் அதே மாதிரி ஒன்று செய்யலாம் என்று தொடங்கியது. பிறகு தனக்கென்று ஆட்களையும் உலகத்தையும் வைத்துக்கொண்டு தனியே வந்தது. 2013இல் ஆட்டக்காரர்களிடமே காசு சேர்த்து முதல் பாகத்தை முடித்தார்கள் என்று மருமகன் விளக்கினான்.

"சோனிக்குன்னா?"

"1991ல சேகா கம்பனி விட்ட கேம் மாமா. நீலக் கலர்ல ஒரு முள்ளெலி ஓடும்."

"முள்ளம்பன்றியா? கறி நல்லாருக்கும்."

"முள்ளெலி மாமா."

"அப்ப இது காப்பி."

"காப்பி இல்ல மாமா, அதப் பாத்து ஆசப்பட்டுச் செஞ்சது."

"அதத்தாண்டா காப்பின்னு சொல்றது. பரவால்ல, ஆனா முதல் பாகம் மாதிரி வரல."

முதல் பாகத்தை மாமா பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருப்பது அவருக்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்புதான் தெரியும். ஆனால் இரண்டாம் பாகம் என்று வந்துவிட்டால் முதல் பாகம் மாதிரி வராது என்பது சினிமாக் கொட்டகையில் அவர் காசு கொடுத்துப் பெற்ற ஞானம். அதற்குச் சாட்சி எதற்கு?

இந்தப் பின்னால் நிற்கும் கலை மாமாவின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்தால், அது மலையகத்தின் வரலாறு தெரியாத பேச்சு. கோப்பிக் காலத்திலேயே தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தவர் கங்காணி. வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் நாளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு. தான் ஒரு கொழுந்தும் கிள்ளாமல், கிள்ளுகிறவர்கள் பின்னால் நின்று "நெறையப் பாத்து எடு, முத்தினதப் போடாதே" என்று சொல்வதற்கு ஒரு உத்தியோகமே இருந்த இடம் இது. அந்த உத்தியோகத்தின் பெருமை போய்விட்டது. நிற்கும் தோரணை மட்டும் லயத்துக்குள் தங்கிவிட்டது. மாமாவுக்குத் தலைக்காசு இல்லை, ஒரு பிளேன்டீ போதும். சீனி கொஞ்சம் கூட இருந்தால் இன்னும் இரண்டு கட்டத்துக்கு நிற்பார்.

அவர் ஏன் உட்காருவதில்லை என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. ஹப்புத்தளைக்குப் பக்கத்தில், தம்பேதென்னைத் தோட்டத்துக்கு மேலே 'லிப்டன் சீட்' என்று ஒரு இடம். தோமஸ் லிப்டன் அங்கே உட்கார்ந்துதான் தன் தேயிலை மலைகளைப் பார்ப்பாராம். இப்போது டூரிஸ்ட்காரர்கள் போய் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். உட்கார்ந்து பார்ப்பது துரை வழக்கம். கங்காணி நின்றுதான் பார்ப்பார். கதிரையைக் காட்டினால் மாமா மறுப்பது பணிவினால் அல்ல, பதவி விதி.

இத்தனை அனுபவம் உள்ளவர் கையில் ஆட்டத்தையே கொடுத்துப் பார்த்தால் என்ன என்று ஒருநாள் பிள்ளைகளுக்குத் தோன்றியது. "மாமா, இந்தாங்க, நீங்க ஆடுங்க" என்று லெப்டொப்பைத் திருப்பி வைத்தார்கள். பின்னால் நிற்கிறவரின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்றார். எடுத்துவர ஒருத்தன் ஓடினான். தோள்பட்டை பிடித்திருக்கிறது என்றார். தைலம் வந்தது. "நான் ஆடினா நீங்க எப்பக் கத்துக்கிறது?" என்று கடைசி ஆயுதத்தை எடுத்தார். அதற்கும் பிள்ளைகள் மசியவில்லை. கோத்திருந்த கைகள் முதல் தடவையாக முன்னால் வந்தன. லைலாக் கட்டத்தின் தொடக்கத்தில் நின்றாள். மாமா ஒரு பொத்தானும் அமுக்கவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"ஆடுங்க மாமா!"

"ஆடிக்கிட்டுத்தான் இருக்கேன். எடத்த மொதல்ல பாக்கணும்டா."

அவரைக் காப்பாற்றியது அத்தை. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, தலையில் மாட்டிய கூடைக் கயிற்றின் தழும்பு நெற்றியில் மறையாமல் அப்போதுதான் வந்திருந்தார். "இந்தப் பொண்ண ஏன் மழைல நிக்கிறவ மாதிரி நிக்க வச்சிருக்கீங்க? தள்ளுங்க" என்று உட்கார்ந்தார். எந்த எழுத்து எதற்கு என்று மருமகனிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டார். கட்டைவிரலில் கொழுந்துக் கறை அப்படியே இருந்தது. காலையிலிருந்து இலைகளுக்கு நடுவில் கொழுந்தைத் தேடிக் கிள்ளிய விரல்கள். பொத்தானைத் தேடவே இல்லை. ஆரம்பத்தில் பள்ளத்தில் விழுந்தார். அடுத்து எதிரி சுட்டதில் மாட்டினார். இந்தக் கேமில் எதிரி மேல் சும்மா இடித்தால் உயிர் குறையாது, அவன் தாக்கினால்தான் குறையும். மருமகன் அதைச் சொன்னதும் அத்தைக்குப் பிடித்துப்போயிற்று. "நம்ம பஸ் மாதிரி" என்று சொல்லிவிட்டு, இடித்துக்கொண்டே போக ஆரம்பித்தார்.

மாமா பழைய இடத்துக்குப் போய்விட்டார். கைகள் பின்னால் கோத்துக்கொண்டன. முகத்தில் ரத்தம் திரும்பியது. "குதி! ஏய், குதி!"

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. "இந்த நாலு பேரும் பொம்பளைங்களாடா?" என்று மருமகனிடம் கேட்டார்.

"ஆமா அத்தை. லைலாக், கேரல், மில்லா, நீரா. நாலு பேருமே."

"இவங்க பின்னால யாரும் நிக்கிறாங்களா?"

"இல்ல அத்தை."

"அதான் இந்த ஓட்டம் ஓடுறாளுக."

லயக்காம்பராவில் எழுந்த சிரிப்பு அடுத்த காம்பராவுக்கும் கேட்டிருக்கும். மாமாவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "ஒரு கங்காணி இருந்திருந்தா இன்னும் வேகமா ஓடியிருப்பாளுக" என்று தன் கட்சியைக் காப்பாற்றிக்கொண்டார்.

இவ்வளவும் எழுதிவிட்டு அவருக்காக ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். மருமகன் கொழும்பில் போர்டிங் அறையில் தனியாக இதே கேமை ஆடுகிறவன். அங்கே யாரும் குதி என்று சொல்வதில்லை. கேட்டால், "அங்க விழுந்தா விழுந்ததுதான் அத்தை, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இங்க விழுந்தா மாமா பத்து நிமிஷம் பேசுவாரு" என்கிறான். குறையாகச் சொல்கிறானா, ஏக்கமாகச் சொல்கிறானா என்று பிடிபடவில்லை. ஆனால் லீவு கிடைத்தால் இரவு ரயிலில் பத்து மணி நேரம் குலுங்கிக்கொண்டு பதுளைக்கு வருகிறவன், லெப்டொப்பை மறக்காமல் தூக்கிக்கொண்டு வருகிறான். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பின்னால் ஒரு ஆள் நிற்க இடம் விட்டுத்தான் மேசையைப் போடுகிறான்.

மாமா இப்போது மூன்றாம் பாகத்துக்குத் தயாராக இருக்கிறார். அப்படி ஒன்று வருமா வராதா என்பது வேறு விஷயம். வந்தால், இரண்டாம் பாகம் மாதிரி வராது என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.